ஊத்தை ஒன்று, ஈறு வேறு

1970-இல் இலங்கை மலையகத்தின் இரண்டு தேயிலைத் தோட்டங்களில், 480 ஆண் தொழிலாளர்களின் வாயை நார்வேயைச் சேர்ந்த பல் மருத்துவ ஆய்வாளர் ஹரால்ட் லோவின் குழு பரிசோதிக்கத் தொடங்கியது. அவர்கள் மலையகத் தமிழர்கள். அப்போது வயது ஏறக்குறைய 14 முதல் 30 வரை. பல் டாக்டரைப் பார்த்ததில்லை. பிரஷ் பிடித்துப் பல் துலக்குவதும் அங்கே வழக்கத்தில் இல்லை. அடுத்த 15 ஆண்டுகளில் குழு திரும்பத் திரும்பப் போய் அதே வாய்களை அளந்தது. நோய் முற்றுவதை ஆண்டுக்கணக்கில் அளந்துகொண்டிருந்த ஆய்வு என்று இன்றைக்கு அதன்மேல் கோபப்படலாம்; நியாயமான கோபம்தான். ஆனாலும் ஈறு நோயை அதன் போக்கில் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு உலகெங்கும் பல் மருத்துவப் பாடத்தில் எடுத்துக்காட்டுவது இந்தத் தோட்டத் தொழிலாளர்களின் கணக்கைத்தான்.

கணக்கு இப்படி வந்தது. சொத்தைப் பல் ஏறக்குறைய யாருக்கும் இல்லை. ஊத்தையும் அது கெட்டியாகிப் படியும் காரையும் எல்லோருக்கும் இருந்தன. ஈறு வீக்கமும் அப்படியே. ஆனால் 8 சதவீதம் பேருக்குப் பல்லைத் தாங்கும் எலும்பு மளமளவென்று கரைந்து, 45 வயதுக்குள் பற்கள் அநேகமாக எல்லாமே போய்விட்டன. 81 சதவீதம் பேருக்கு மெதுவாகக் கரைந்தது. மீதி 11 சதவீதம் பேருக்கு, அதே ஊத்தையோடு, ஈறு சிவந்ததற்கு மேல் ஒன்றும் ஆகவில்லை.

ஒரே தோட்டம், ஒரே மாதிரி வாய், முடிவு மட்டும் வேறு. ஊத்தையில் இருக்கும் கிருமிகள் ஈறு நோயைத் தொடங்கிவைக்கின்றன என்பதில் சந்தேகமில்லை. இதே லோ 1965-இல் டென்மார்க்கில் 12 பேரைப் பல் துலக்க வேண்டாம் என்று சொல்லி நிறுத்திப் பார்த்தார். மூன்று வாரத்துக்குள் எல்லோருக்கும் ஈறு வீங்கியது, திரும்பத் துலக்கியதும் சரியாகிவிட்டது. ஆனால் அதற்குப் பிறகு எலும்பு கரைவதில் பெரும்பங்கு நம் உடம்பின் சொந்த வேலை. கிருமியை விரட்ட ஈறுக்கு ஓடிவரும் வெள்ளை அணுக்கள் கக்கும் ரசாயனங்கள், பல்லைப் பிடித்திருக்கும் நாரையும் எலும்பையும் சேர்த்தே அரிக்கின்றன. அந்தச் சண்டை அளவோடு முடிகிறதா, ஆண்டுக்கணக்கில் நீள்கிறதா என்பதைப் பரம்பரை, புகை, சர்க்கரை நோய் ஆகியவை தீர்மானிக்கின்றன. சாப்பாடு உள்ளே நுழையும் இடமும் இதுதான். அது ஊத்தையை அகற்றுவதில்லை. ஊத்தைக்கு ஈறு காட்டும் கோபத்தைக் கூட்டுகிறது அல்லது குறைக்கிறது.

இதை வெளிச்சம் போட்டுக் காட்டிய சோதனை, வேடிக்கையாக, ஒரு டிவி நிகழ்ச்சியில் நடந்தது. சுவிட்சர்லாந்தில் பத்துப் பேரை நான்கு வாரம் கற்கால மனிதர்களைப் போல வாழவிட்டார்கள். பிரஷ் கிடையாது, பேஸ்ட் கிடையாது. கோதுமை, பார்லி, காட்டில் பறித்த பழம், கீரை, ஆட்டுப்பால், கொஞ்சம் இறைச்சி, மீன். சர்க்கரை என்ற பேச்சே இல்லை, இனிப்புக்குக் கொஞ்சம் தேன். நான்கு வாரம் கழித்துப் பார்த்தால், எதிர்பார்த்தபடியே ஊத்தை கூடியிருந்தது. ஆனால் கருவியால் தொட்டதும் ரத்தம் கசியும் இடங்கள் 34.8 சதவீதத்திலிருந்து 12.6 சதவீதமாகக் குறைந்திருந்தன. 2009-இல் வெளியான இந்த முடிவு பல் மருத்துவர்களைக் கொஞ்சம் சங்கடப்படுத்தியது. ஊத்தை கூடினால் ரத்தமும் கூடும் என்பதுதான் அவர்கள் படித்த பாடம்.

பின்னர் ஜெர்மனியின் ஃப்ரைபர்க்கில் யோஹான் வோல்பர் குழு இதையே முறைப்படி செய்து பார்த்து 2016-இல் வெளியிட்டது. மாவுப்பண்டத்தைக் குறைத்து, ஒமேகா-3 கொழுப்பு, வைட்டமின் சி, டி, நார்ச்சத்து எல்லாம் கூட்டிய சாப்பாடு பத்துப் பேருக்கு. பழைய சாப்பாடே ஐந்து பேருக்கு. நான்கு வாரத்தில் முதல் கூட்டத்தாரின் ஈறு வீக்கம் ஏறக்குறையப் பாதியாகியது. ஊத்தையின் அளவில் இரு தரப்புக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. பதினைந்து பேரை வைத்துச் செய்த சோதனை சின்னதுதான். அதோடு எல்லாவற்றையும் ஒன்றாக மாற்றியதால், பலன் மாவுப்பண்டத்தைக் குறைத்ததால் வந்ததா, ஒமேகா-3-ஐச் சேர்த்ததால் வந்ததா என்று பிரித்துச் சொல்லவும் முடியாது. இருந்தாலும் இரண்டு சோதனைகளும் ஒரே பக்கம் கை காட்டுகின்றன.

தனிச் சத்து என்று எடுத்தால் ஈறோடு மிகப் பழைய உறவு வைட்டமின் சி-க்குத்தான். வாஸ்கோ ட காமாவின் கப்பல்கள் 1498 அக்டோபரில் இந்தியாவின் மேற்குக் கரையை விட்டுக் கிளம்பி ஆப்பிரிக்கக் கரையைத் தொட ஏறக்குறைய மூன்று மாதம் ஆனது. வழியில் மாலுமிகளின் ஈறு பல்லுக்கு மேல் வளர்ந்து, மெல்ல முடியாமல் போய், கால் வீங்கி, 30 பேர் இறந்தார்கள் என்று அந்தப் பயணக் குறிப்பு சொல்கிறது. மாலிந்தி துறைமுகத்துக்கு வந்ததும் நோயாளிகள் கேட்டது ஆரஞ்சுப் பழம். ஸ்கர்வி என்ற அந்த நோய்க்குக் காரணம் வைட்டமின் சி குறைவு என்பது உறுதிப்பட 20-ஆம் நூற்றாண்டு வரவேண்டியிருந்தது. ஈறையும் ரத்தக்குழாய்ச் சுவரையும் கட்டிவைக்கும் கொலாஜென் நார் முறுக்கேறுவதற்கு இந்த வைட்டமின் கட்டாயம் வேண்டும். ஈறில் பழைய நார் போய்ப் புதிய நார் வருவது வேகமாக நடக்கும் என்பதால் குறை முதலில் தெரிவதும் அங்கேதான்.

ஸ்கர்வி இன்று அரிது. ஆனால் அந்த அளவுக்குப் போகாத குறைவு அரிதல்ல. பல நாட்டுச் சோதனைகளைத் தொகுத்து 2021-இல் வெளியான ஓர் ஆய்வு, ரத்தத்தில் வைட்டமின் சி குறைந்தவர்களுக்கு ஈறில் லேசாகத் தொட்டாலே ரத்தம் கசியும் போக்கு அதிகம் என்று காட்டியது. நம் நாட்டில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) 2020-இல் பரிந்துரைத்த அளவு ஆணுக்கு நாளொன்றுக்கு 80 மில்லிகிராம், பெண்ணுக்கு 65. நூறு கிராம் கொய்யாவில் 200 மில்லிகிராம் அளவுக்கு இருக்கிறது. ஆரஞ்சில் அதில் கால் பங்குதான். ஆகவே தெருவில் மிளகாய்ப்பொடி தூவித் தரும் ஒரு கொய்யாப்பழம் போதும், விலை உயர்ந்த வெளிநாட்டுப் பழம் தேவையில்லை. நெல்லிக்காயும் அப்படியே. முருங்கைக்கீரையிலும் நிறைய உண்டு. ஆனால் நெடுநேரம் வேகவைத்து, வெந்த தண்ணீரை வடித்துக் கொட்டினால் வைட்டமின் சி-யில் பெரும்பகுதி அதோடு போய்விடும். எலுமிச்சம்பழத்தை அடுப்பை அணைத்த பிறகு பிழியும் பழைய வழக்கம் கசப்பு ஏறாமலிருக்க வந்தது என்றாலும் ஈறுக்கும் நல்லதுதான்.

சர்க்கரைக்கு வருவோம். சர்க்கரை என்றாலே நமக்குச் சொத்தைப் பல்தான் நினைவுக்கு வரும். ஈறுக்குத் தீங்கு வேறு வழியில் வருகிறது. அடிக்கடி இனிப்பும் வெள்ளை மாவும் சாப்பிட, ரத்தச் சர்க்கரை ஏறி இறங்கி ஏறி, உடம்பு முழுக்க ஒரு மெல்லிய அழற்சி நிலைத்துவிடுகிறது. சர்க்கரை நோயாகவே முற்றிவிட்டால், அதுவும் கட்டுப்பாடில்லாமல் இருந்தால், ஈறு நோய் வருவதும் பெரிதாவதும் கூடும். திரும்பும் பாதையும் உண்டு: ஈறில் சீழ் வைத்த நோய், இன்சுலின் சரியாக வேலை செய்வதைக் கெடுக்கிறது. ஈறைச் சுத்தம் செய்து சிகிச்சை எடுத்த சர்க்கரை நோயாளிகளுக்கு மூன்று நான்கு மாதங்களில் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவு 0.4 புள்ளி போலக் குறைகிறது என்பது பல சோதனைகளைச் சேர்த்துப் பார்த்ததில் கிடைத்த முடிவு. ஐ.சி.எம்.ஆர். ஆய்வு 2023-இல் சொன்னபடி இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. அவர்களில் எத்தனை பேரிடம் சர்க்கரை டாக்டர் வாயைத் திறக்கச் சொல்லியிருப்பார்? கண்ணைப் பார்க்கச் சொல்கிறார்கள், காலைப் பார்க்கச் சொல்கிறார்கள். ஈறு பெரும்பாலும் பேச்சிலேயே வருவதில்லை.

நம் ஊர்ச் சாப்பாட்டில் உண்மையான சிக்கல், நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக நடக்கும் இந்த இனிப்புப் போக்குவரத்துதான். காலையில் ஒரு டீ, பத்து மணிக்கு ஒரு டீயும் பிஸ்கட்டும், நான்கு மணிக்கு இன்னொன்று. சாப்பாட்டு வேளையில் ஒரு துண்டு மைசூர்பாகு சாப்பிடுவதைவிட இதனால் கெடுதல் அதிகம். கைக்குத்தல் அரிசி, கேழ்வரகு, கம்பு போன்ற முழுத் தானியத்துக்கு ஓரளவு சாட்சி இருக்கிறது: அமெரிக்காவில் 34,160 ஆண் மருத்துவத் துறையினரைப் பல ஆண்டு கண்காணித்ததில், முழுத் தானியம் மிக அதிகம் சாப்பிட்டவர்களுக்கு ஈறு நோய் வரும் வாய்ப்பு 23 சதவீதம் குறைவாக இருந்தது. அப்படிச் சாப்பிடுகிறவர்கள் மற்ற விஷயங்களிலும் ஒழுங்காக இருந்திருக்கலாம் என்பதால் இந்த எண்ணை அப்படியே விழுங்க வேண்டியதில்லை. மத்தி, கானாங்கெளுத்தி போன்ற கொழுப்பு மீன்களில் உள்ள ஒமேகா-3 அழற்சியைத் தணிக்கிறது. ஈறு சிகிச்சையோடு சேர்த்துக் கொடுத்தால் பலன் சற்றுக் கூடுவதாகச் சில சோதனைகள் சொல்கின்றன. மத்தி மலிவாகக் கிடைக்கிறபோது மாத்திரை எதற்கு?

மாத்திரை என்றதும் கால்சியம். பல் ஆடினால் மெடிக்கல் ஷாப்பில் கால்சியம் மாத்திரை வாங்கிப் போடுகிறவர்கள் நிறைய. பல் ஆடுவது, அதைத் தாங்கும் எலும்பை அழற்சி அரித்துவிட்டதால். அரிப்பு நிற்காதவரை எவ்வளவு கால்சியம் போட்டாலும் அந்தப் பல் உறுதிப்படாது. காரையை எடுத்தால் பல் ஆடிவிடும் என்ற பயமும் இதே வகை. காரை இருந்தபோது முட்டுக்கொடுத்தது போலத் தெரிந்தது. எடுத்ததும் அடியில் ஏற்கெனவே நடந்திருந்த சேதம் வெளியே தெரிகிறது, அவ்வளவுதான்.

சாப்பாட்டுக்குப் பிறகு செரிமானத்துக்கு என்று போடும் பாக்கு பற்றி ஒரு வரி. அதிலுள்ள அரிகோலின் ஈறு நாரைக் கட்டும் செல்களையே கெடுக்கிறது. புகையிலை சேராத வெறும் பாக்கையும் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை புற்றுநோய்க் காரணி என்று 2004-இல் வகைப்படுத்திவிட்டது.

வயதானவர்கள் விஷயத்தில் இந்தக் கதை தலைகீழாகவும் ஓடுகிறது, அதை வீட்டில் யாரும் கவனிப்பதில்லை. கடைவாய்ப் பல் நான்கு போனதும் முதலில் தட்டிலிருந்து போவது கொய்யாவும் காய்கறியும் சுண்டலும் கறியும். மிஞ்சுவது குழைந்த ரசம் சோறு, டீயில் நனைத்த பிஸ்கட், இட்லி. புரதமும் வைட்டமின் சி-யும் நாரும் குறைந்து மாவு கூடுகிறது. மிச்சமிருக்கும் பற்களின் ஈறு இன்னும் பலவீனப்படுகிறது. “பல்லு இல்ல, அதான் அவருக்கு மெத்துனு குடுக்கிறோம்” என்பது அன்பால் சொல்வதுதான். அதே அன்போடு நெல்லிக்காயைத் துவையலாக்கலாம், கொய்யாவைப் பிசைந்து கொடுக்கலாம், பருப்பைக் கெட்டியாகக் கடையலாம், முட்டையைக் கிளறிக் கொடுக்கலாம், முள் எடுத்த மீனை உதிர்த்துப் போடலாம். பல் கட்டிக்கொள்ளச் செலவு செய்கிற வீடுகளில்கூட, கட்டிய பிறகு சாப்பாட்டைப் பழையபடி மாற்ற வேண்டும் என்று யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை.

தினமும் இரண்டு முறை துலக்கி, இடுக்கையும் சுத்தம் செய்து, இரண்டு வாரத்துக்குப் பிறகும் ஈறில் ரத்தம் வந்தால் பல் டாக்டரிடம் போக வேண்டும். கொய்யாவை நம்பி அதைத் தள்ளிப்போடக் கூடாது. போகும்போது சாப்பிடும் மருந்துகளின் சீட்டையும் எடுத்துப் போவது நல்லது. ரத்த அழுத்தத்துக்கான அம்லோடிபின், வலிப்புக்கான பெனிடாயின் ஆகியவை சிலருக்கு ஈறைத் தடிக்கவைக்கும். ரத்தம் உறையாமலிருக்க எடுக்கும் மாத்திரை கசிவைக் கூட்டும். புகைபிடிக்கிறவர்களுக்கு ரத்தமே வராமலும் இருக்கலாம். நிகோடின் ரத்தக்குழாய்களைச் சுருக்கிவிடுவதால் ஈறு வெளிறி, நோய் உள்ளே நடந்துகொண்டிருக்கும். அவர்கள் ரத்தத்துக்காகக் காத்திராமல் ஆண்டுக்கு ஒருமுறையாவது காட்டிவிட வேண்டும்.