குறைமாதக் குட்டியின் மூச்சும் இரத்த ஓட்டமும்

செஞ்சி வாரச் சந்தையில் சங்கக் கடனைக் கொண்டு வாங்கிய செம்மறி ஒன்று, உரிய நாளுக்கு மூன்று வாரம் முன்னரே ஈன்றுவிட்டது. கடன் ஆய்வுக்குச் சென்ற என்னிடம் அவ்வுறுப்பினர் கேட்டார்: "ஐயா, குட்டி மூச்சு விட்டது, கத்தவும் செய்தது. பொழுது சாய்வதற்குள் மாண்டுபோயிற்றே, ஏன்?" அன்று என்னால் விடை கூற இயலவில்லை. பின்னர்க் கேட்டும் படித்தும் அறிந்தவற்றை உறுப்பினர்களின் பொருட்டு எழுதுகிறேன்.

தாய் வயிற்றிலுள்ள குட்டியின் நுரையீரல் நீர் நிறைந்து கிடக்கும். பிராணவாயு நஞ்சிலிருந்து கொப்பூழ்க்கொடி வழியே வருகிறது. ஆதலால் இருதயம் செலுத்தும் இரத்தத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கே நுரையீரலுக்குச் செல்லும். எஞ்சியது இரண்டு குறுக்கு வழிகளில் விலகிவிடும். ஒன்று, இருதயத்தின் மேலறைகளுக்கிடையே உள்ள துளை. மற்றொன்று, நுரையீரல் நாடியைப் பெருநாடியோடு இணைக்கும் சிறு குழாய். மதகை அடைத்துக் கலங்கல் வழியே ஏரி நீரை விடுவது போன்ற ஏற்பாடு இது.

நிறைமாதக் குட்டி முதல் மூச்சை இழுத்ததும் மதகு திறக்கிறது. நுரையீரலுக்குப் பாயும் இரத்தம் எட்டுப் பத்து மடங்கு பெருகும். துளையின் மடல் மூடிக்கொள்ளும். குழாயும் ஓரிரு நாளில் சுருங்கி அடைபடும். 1950-களில் ஆக்ஸ்போர்டில் ஜெஃப்ரி டாஸ் என்பவரும் அவர்தம் குழுவினரும் இம்மாற்றங்களைச் செம்மறிக் குட்டிகளிடமே அளந்தறிந்தனர்.

குறைமாதக் குட்டியின் நிலை வேறு. நுரையீரலின் சிற்றறைகள் ஒட்டிக்கொள்ளாதபடி காக்கும் பூச்சு, சினைக்காலத்தின் கடைசி வாரங்களில்தான் போதிய அளவு சுரக்கும். அஃதின்றி, ஒவ்வொரு மூச்சுக்குப் பின்னும் அறைகள் சுருங்கிப்போகும். பிராணவாயு குறையவே நுரையீரலின் நாளங்கள் இறுகும். இரத்தம் பழைய குறுக்கு வழியையே நாடும். பிராணவாயு மேலும் குறையும். வட்டிக்கு வட்டி ஏறும் கடனைப் பார்த்தவர்களுக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. மார்பு ஏறி இறங்கும்; ஆனால் மூச்சின் பயன் இரத்தத்தைச் சேராது. அவ்வுறுப்பினர் கண்டதும் இதுவாகவே இருத்தல் கூடும்.

குட்டி விழுந்ததும் கொடியை அறுக்க விரைகிறோம். மூச்சு நிலைப்பதற்கு முன் அறுத்தால், நஞ்சிலிருந்து வரும் இரத்தமும் நிற்கும், நுரையீரலிலிருந்து வர வேண்டியதும் வாராது, இருதயம் தள்ளாடும். மெல்பர்ன் நகரத்து ஆய்வாளர்கள் 2013-இல் குறைமாதச் செம்மறிக் குட்டிகளைக் கொண்டு இதனை மெய்ப்பித்தனர். கொடி தானே அறுபடாவிடில், குட்டி நன்கு மூச்சு விடும் வரை பொறுத்திருங்கள்.

பின்னங்காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கி ஆட்டுவது நம் பக்கத்து வழக்கம். அப்போது வடியும் நீர் பெரும்பாலும் இரைப்பையிலிருந்து வருவதே. குடலின் பாரமோ நுரையீரலை நெருக்கும். மூக்கையும் வாயையும் துடைத்து, கால்களை மடக்கி, மார்பு தரையில் படும்படி படுக்க வையுங்கள். வைக்கோலால் தேய்த்து உலர்த்துங்கள். குளிர் பட்டால் பிராணவாயுவின் தேவை மிகும். மூச்சு சீராகும் முன் சீம்பாலைப் புகட்டினால் புரையேறும்.

1969-இல் நியூசிலாந்தின் ஆக்லாந்தில் லிகின்ஸ் என்னும் மருத்துவர், ஸ்டீராய்டு மருந்து பெற்ற குறைமாதச் செம்மறிக் குட்டிகள் எதிர்பாராத வகையில் மூச்சு விட்டுப் பிழைத்திருக்கக் கண்டார். 1972-இல் அவரும் ஹோவி என்பவரும் அம்மருந்தைத் தாய்மார்களுக்கு அளித்து வெற்றி கண்டனர். இன்று உலகெங்கும் குறைமாதக் குழந்தைகள் அதனால் பிழைக்கின்றன. ஆயினும் சினையாட்டுக்கு அதே ஊசி முன்கூட்டியே ஈற்றைத் தூண்டிவிடவும் கூடும். கடையில் வாங்கித் தாமே போடலாகாது. கால்நடை மருத்துவரை அழைக்க 1962 என்ற எண் உண்டு.