ஓடிப்போனவருக்குப் பன்றித் தலை. அழுதுகொண்டே போனவருக்குக் கண்ணீர்!

பார்சிலோனா கால்பந்து ரசிகர்கள் 2 முறை நெஞ்சு உடைந்த கதை

கார்னர் கிக் அடிக்க ஓர் ஆட்டக்காரர் மைதானத்தின் மூலைக்குப் போனார். பந்தைக் கீழே வைத்தார். அவ்வளவுதான்!

மேலே இருந்து சரமாரியாக வந்து விழுந்தன நாணயங்கள், பாட்டில்கள், சிகரெட் லைட்டர்கள். அவற்றோடு ஒரு பன்றிக்குட்டியின் தலையும் வந்து விழுந்தது!

நடந்தது 2002-ம் ஆண்டு நவம்பர் 23-ந் தேதி. இடம்: ஸ்பெயின் நாட்டின் பார்சிலோனா நகரில் உள்ள "காம்ப் நோ" மைதானம். நடுவர் ஆட்டத்தை நிறுத்தினார். இரண்டு அணிகளையும் உள்ளே போகச் சொன்னார். சுமார் கால் மணி நேரம் கழித்துத்தான் மறுபடி ஆட்டம் தொடங்கியது. கடைசியில் யாரும் கோல் போடவில்லை.

பன்றித் தலையைப் பரிசாகப் பெற்றவர் பெயர் லூயிஸ் பிகோ. போர்ச்சுக்கல் நாட்டுக்காரர். ஒரு காலத்தில் இதே மைதானத்தில், இதே ஜனங்கள் தலையில் தூக்கிவைத்து ஆடிய செல்லப்பிள்ளை.

தலைமுடிக்குச் சாயம்

1995-ல் பார்சிலோனாவுக்கு வந்தார் பிகோ. வலது ஓரமாகப் பந்தைக் கொண்டுபோனால் எதிர் அணிக்காரர்கள் திண்டாடுவார்கள். 5 ஆண்டு ஆடினார். 2 முறை லீக் பட்டம் வாங்கிக் கொடுத்தார்.

பட்டம் வென்ற களிப்பில் ஒரு முறை கிளப்பின் நிறமான நீலம், சிவப்பு இரண்டையும் தலைமுடியில் சாயமாக ஏற்றிக்கொண்டு வந்தார். ரியல் மாட்ரிட் அணியை "அழுமூஞ்சிகள்" என்று கேலி செய்து கோஷமும் போட்டார். ஜனங்கள் சும்மா இருப்பார்களா? இவன் நம்ம பிள்ளை என்று முடிவே கட்டிவிட்டார்கள்.

இங்கே ஒரு விஷயம். பார்சிலோனாவுக்கும் மாட்ரிட்டுக்கும் உள்ள பகை வெறும் பந்துப் பகை அல்ல. பார்சிலோனா, கட்டலோனியா பகுதியின் தலைநகர். அங்குள்ளவர்களுக்குத் தனி மொழி உண்டு. 1939 முதல் 1975 வரை ஸ்பெயினை ஆண்ட சர்வாதிகாரி பிராங்கோ காலத்தில் அந்த மொழிக்குப் பள்ளிக்கூடத்திலும் இடம் இல்லை. சர்க்கார் ஆபீசிலும் இடம் இல்லை. கால்பந்து மைதானத்தில் கூட்டத்தோடு கூட்டமாக நின்றுதான் வாய்விட்டுப் பேச முடிந்தது.

ஆகவே அந்த ஊர்க்காரனுக்குக் கிளப் என்றால் வீடு மாதிரி. மாட்ரிட் என்றால் அடுத்த வீட்டுப் பகையாளி.

சொன்னது ஒன்று, செய்தது ஒன்று

2000-ம் ஆண்டு ஜூலை மாதம் மாட்ரிட் கிளப்பில் தலைவர் தேர்தல். அப்போதைய தலைவர் லோரன்சோ சான்ஸ் 2 மாதத்துக்கு முன்புதான் ஐரோப்பியக் கோப்பையை வாங்கிக் கொடுத்திருந்தார். அவரை யார் அசைக்க முடியும் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

எதிர்த்து நின்றவர் கட்டட காண்டிராக்டர் புளோரன்டினோ பெரஸ். அவர் ஒரு வெடிகுண்டு போட்டார். "என்னைத் தேர்ந்தெடுத்தால் பிகோவைக் கொண்டுவருவேன். முடியாவிட்டால் உறுப்பினர்களின் சீசன் டிக்கெட் பணத்தை நானே கட்டுகிறேன்" என்பதுதான் அவருடைய வாக்குறுதி!

பார்சிலோனாவில் கலவரம். "கவலை வேண்டாம், 24-ந் தேதி பயிற்சி தொடங்கும்போது காம்ப் நோவில் நிச்சயம் இருப்பேன்" என்ற பொருளில் பிகோ உள்ளூர் விளையாட்டுப் பத்திரிகைக்குப் பேட்டி கொடுத்தார். ரசிகர்கள் பெருமூச்சு விட்டார்கள்.

16-ந் தேதி பெரஸ் ஜெயித்தார். 24-ந் தேதி வந்தது. பிகோ எங்கே இருந்தார்? மாட்ரிட்டில்! வெள்ளைச் சட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு போட்டோவுக்குச் சிரித்துக்கொண்டு நின்றார். சிரித்தார் என்றாலும் அந்த முகத்தில் சுகம் இல்லை என்று படத்தைப் பார்த்தவர்கள் சொல்வது உண்டு.

ஆயிரம் கோடி பெசெட்டா

பார்சிலோனா கிளப்பால் ஏன் தடுக்க முடியவில்லை? காரணம் ஒப்பந்தம்தான். ஸ்பெயினில் ஆட்டக்காரரின் ஒப்பந்தத்திலேயே ஒரு தொகை எழுதியிருக்கும். அந்தத் தொகையை யார் கட்டினாலும் ஆட்டக்காரர் போகலாம். கிளப் "மாட்டேன்" என்று சொல்ல முடியாது.

பிகோவுக்கு எழுதியிருந்த தொகை ஆயிரம் கோடி பெசெட்டா. இன்றைய கணக்கில் சுமார் 6 கோடி யூரோ. அந்தக் காலத்தில் உலகத்திலேயே யாருக்கும் கொடுக்காத விலை. இவ்வளவு பணம் யார் கட்டப்போகிறார்கள் என்றுதான் பார்சிலோனா அசட்டையாக இருந்தது. பெரஸ் கட்டிவிட்டார்.

காதைப் பொத்தினார்

2000 அக்டோபர் 21. மாட்ரிட் சட்டையில் பிகோ முதல் முறையாகக் காம்ப் நோவுக்கு வந்தார். நிரம்பி வழிந்த மைதானத்தில் அவர் காலில் பந்து பட்டபோதெல்லாம் விசில். "துரோகி", "யூதாஸ்", "காசுக்கு விலைபோனவன்" என்று எங்கு பார்த்தாலும் அட்டைகள். அவர் முகம் அச்சடித்த போலி நோட்டுகளும் பறந்தன. பிகோ இரண்டு காதையும் விரலால் அடைத்துக்கொண்ட படம் பத்திரிகைகளில் வந்தது.

வழக்கமாகக் கார்னர் கிக் அடிப்பவர், அன்று அந்த மூலைப் பக்கமே போகவில்லை. பார்சிலோனா 2-0 கணக்கில் ஜெயித்தது.

இதில் ஒரு வேடிக்கை. முதல் கோல் போட்டவர் லூயிஸ் என்ரிக். அவர் யார்? 1996 வரை மாட்ரிட்டில் ஆடிவிட்டுப் பார்சிலோனாவுக்கு வந்தவர்! அவரும் "அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம்" தாண்டியவர்தான். ஆனால் அவருக்கு அன்று கரகோஷம். நம்மிடம் வந்தால் தங்கம், நம்மை விட்டுப் போனால் துரும்பு. ரசிகனின் நியாயம் அப்படித்தான்!

அவருக்கு முன்னால் 1988-ல் ஜெர்மனிக்காரர் ஷூஸ்டர் மாட்ரிட்டுக்குப் போனார். 1994-ல் டென்மார்க்கின் லாட்ரப் போனார். அவர்களுக்கும் ஏச்சு கிடைத்தது. ஆனால் பன்றித் தலை கிடைத்ததில்லை. ஏன்? பிகோ "இருப்பேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். போனது கூடப் பெரிதில்லை. சொன்ன சொல் தவறியதுதான் வயிற்றெரிச்சல்.

பன்றித் தலை விவகாரத்துக்காக 2 ஆட்டங்களுக்கு மைதானத்தை மூட உத்தரவானது. கிளப் அப்பீல் செய்தது. கடைசியில் மைதானம் மூடப்படவே இல்லை.

காகிதத் துண்டில் ஒப்பந்தம்

பிகோ போன அதே 2000-ம் ஆண்டு. இரண்டே மாதத்தில் அர்ஜென்டினாவின் ரொசாரியோ நகரிலிருந்து ஒரு பையன் வந்து இறங்கினான். வயது 13. உயரம் போதாது. வளர்ச்சிக் குறைவுக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தான். பெயர் லயோனல் மெஸ்சி.

கிளப் பெரிய மனிதர்கள் யோசித்துக்கொண்டே இருந்தார்கள். பையனின் அப்பா பொறுமை இழந்தார். டிசம்பர் 14-ந் தேதி கிளப் அதிகாரி கார்லஸ் ரெக்சாச், கையில் கிடைத்த கை துடைக்கும் காகிதத்திலேயே "இந்தப் பையனை எடுத்துக்கொள்கிறோம்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அந்தக் காகிதத் துண்டு 2024 மே மாதம் ஏலத்தில் போன விலை 7 லட்சத்து 62 ஆயிரத்து 400 பவுன்!

பையன் என்ன செய்தான் என்பது ஊருக்கே தெரியும். 778 ஆட்டங்கள். 672 கோல்கள். 10 லீக் பட்டம். 4 ஐரோப்பியக் கோப்பை. அப்பனும் மகனும் ஒரே ஆட்டக்காரரைப் பார்த்து வளர்ந்தார்கள்.

வெறுங்காலோடு உட்கார்ந்தார்

எல்லாப் பிரிவும் ஒரே மாதிரி இல்லை. 2018 மே மாதம் ஆந்த்ரேஸ் இனியெஸ்டா கிளப்பை விட்டுப் போனார். 12 வயதில் வந்து 22 ஆண்டு இருந்தவர். முன்கூட்டியே சொன்னார். மே 20-ந் தேதி கடைசி ஆட்டம். மைதானம் முழுவதும் எழுந்து நின்று கைதட்டி அனுப்பியது.

எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகு, நள்ளிரவு தாண்டி, ஆளில்லாத மைதானத்தின் நடுவில் வெறுங்காலோடு தனியாக உட்கார்ந்திருந்தார் இனியெஸ்டா. ரசிகர்களுக்கும் அழுகை வந்தது. ஆனால் அது நல்ல அழுகை. மகளைக் கல்யாணம் செய்து அனுப்புகிற வீட்டு அழுகை.

மெஸ்சி விஷயத்தில் அந்தப் பாக்கியம் கிட்டவில்லை.

ஒரு புரோஃபாக்ஸ்

2020 ஆகஸ்டு 14-ந் தேதி ஜெர்மனியின் பேயர்ன் மூனிக் அணியிடம் 8-2 என்று படுதோல்வி. 25-ந் தேதி மெஸ்சியிடமிருந்து கிளப்புக்கு ஒரு புரோஃபாக்ஸ் வந்தது. "நான் போகிறேன்" என்பதுதான் சாரம்.

அன்று இரவே ரசிகர்கள் காம்ப் நோ வாசலில் கூடிவிட்டார்கள். மெஸ்சியை யாரும் திட்டவில்லை. கிளப் தலைவர் பார்த்தோமியு பதவி விலகவேண்டும் என்றுதான் கோஷம்.

அந்த ஊர்க் கிளப்புக்கு முதலாளி கிடையாது. 1 லட்சத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள்தான் சொந்தக்காரர்கள். அவர்கள் ஓட்டுப் போட்டுத்தான் தலைவர் வருவார். நம்பிக்கை இல்லாத் தீர்மானத்துக்கு 20 ஆயிரத்துக்கும் மேல் கையெழுத்து சேர்ந்தது. ஓட்டெடுப்பு வரும் முன் அக்டோபர் 27-ந் தேதி பார்த்தோமியு விலகினார்.

ஒப்பந்தச் சிக்கலால் மெஸ்சி ஒரு வருஷம் தங்கினார். 2021 மார்ச்சில் உறுப்பினர்கள் லபோர்ட்டாவைத் தலைவராக்கினார்கள். ஆபத்து நீங்கியது என்று நிம்மதியாக இருந்தார்கள்.

பணம் இல்லை

2021 ஜூன் 30-ந் தேதியோடு மெஸ்சியின் ஒப்பந்தம் முடிந்தது. பாதிச் சம்பளத்துக்கு ஆட அவர் சம்மதித்தார். ஆனாலும் நடக்கவில்லை.

கிளப்பின் வருமானத்துக்குத் தக்கபடிதான் சம்பளம் கொடுக்கலாம் என்பது ஸ்பானிய லீக்கின் சட்டம். பல வருஷ ஊதாரித்தனம். மேலே கொரோனாவால் டிக்கெட் வசூல் பூஜ்யம். கிளப்பின் கடன் 135 கோடி யூரோ என்று லபோர்ட்டாவே பிறகு அறிவித்தார். புது ஒப்பந்தத்தைப் பதிவு செய்ய வழியில்லை.

ஆகஸ்டு 5-ந் தேதி மாலை அறிவிப்பு வந்தது: மெஸ்சி இனி இல்லை.

ஓட்டுப் போட்டார்கள். கையெழுத்துப் போட்டார்கள். ஒரு தலைவரையே இறக்கினார்கள். பேரளவில் கிளப்புக்குச் சொந்தக்காரர்கள். ஆனாலும் தங்கள் பிள்ளையை நிறுத்திவைக்க முடியவில்லை. பிகோவைக் கொண்டுபோனது மாட்ரிட்டின் பணம். மெஸ்சியைக் கொண்டுபோனது சொந்த வீட்டுக் கடன்.

வழியனுப்பக்கூட முடியவில்லை

8-ந் தேதி மெஸ்சி பேட்டி கொடுக்க வந்தார். வாயைத் திறக்கும் முன்பே அழுகை. மனைவி கொடுத்த காகிதத்தில் கண்ணைத் துடைத்தார், மூக்கைத் துடைத்தார். சக ஆட்டக்காரர்கள் எழுந்து நின்று வெகு நேரம் கைதட்டினார்கள். இப்படி விடைபெறுவேன் என்று நினைத்ததே இல்லை என்றார். ஒன்றரை வருஷமாக ஜனங்களைப் பார்க்காமலே போகிறேனே என்றும் வருந்தினார்.

உண்மைதான். கொரோனாவால் மைதானம் பூட்டியிருந்தது. மெஸ்சியின் கடைசி ஆட்டம் 2021 மே 16-ந் தேதி செல்டா வீகோ அணியுடன். ஒரு கோல் போட்டார். அணி 2-1 கணக்கில் தோற்றது. பார்க்கத்தான் ஜனம் இல்லை.

ரசிகர்கள் அவரைக் காம்ப் நோவில் கண்ணால் பார்த்த கடைசி ஆட்டம் 2020 மார்ச் 7. பெனால்டியில் ஒரு கோல் போட்டு ஜெயிக்கவைத்தார். பார்த்தவர்கள் வழக்கம்போல் கைதட்டிவிட்டு எழுந்து போனார்கள். அதுதான் கடைசி என்று ஒருவருக்கும் தெரியாது. தெரிந்திருந்தால் யார் வீட்டுக்குப் போயிருப்பார்கள்?

10-ந் தேதி பாரீசில் இறங்கினார் மெஸ்சி. அங்கே ஆரவாரம். அதே நாளில் காம்ப் நோ சுவரில் இருந்த அவருடைய பெரிய படத்தைத் தொழிலாளர்கள் கழற்றினார்கள்.

பாரீஸ் ஆரவாரம் நீடிக்கவில்லை. 2022 மார்ச்சில் ஐரோப்பியப் போட்டியில் தோற்றதும் சொந்த மைதானத்திலேயே அவருக்கு எதிராக விசில் அடித்தார்கள். 2023-ல் அமெரிக்காவின் மியாமிக்குப் போனார்.

இருட்டில் வந்து போனார்

2025 நவம்பரில் ஓர் இரவு, புதுப்பிக்கப்படும் காம்ப் நோவுக்கு மெஸ்சி சத்தமில்லாமல் வந்து பார்த்துவிட்டுப் போனார். என்றாவது திரும்பி வந்து, அன்று சொல்ல முடியாத விடையைச் சொல்லவேண்டும் என்ற ஆசையை எழுதியும் வைத்தார்.

பிகோவை இன்றும் பார்சிலோனா மன்னிக்கவில்லை. மெஸ்சி மீது இன்றும் கோபம் இல்லை. ஒருவர் தன் இஷ்டத்துக்குப் போனார். ஒருவர் இஷ்டமில்லாமல் போனார். ஆனால் இரண்டு பேருக்கும் போக ஓர் ஊர் இருந்தது. அங்கே ஒரு சட்டை காத்திருந்தது. ரசிகனுக்கு மட்டும் போக்கிடம் இல்லை. அவன் அப்பா உட்கார்ந்த அதே பெஞ்சில்தான் அவனும் உட்காரவேண்டும்.

மெஸ்சி போட்ட 10-ம் எண் சட்டை 2025 ஜூலையில் லமின் யமால் என்ற 18 வயதுப் பையனுக்குப் போனது. 7 வயதில் கிளப்புக்கு வந்தவன். இப்போது அந்த ஊர்ச் சிறுவர்கள் அவன் பெயர் போட்ட சட்டையில் திரிகிறார்கள்.

பையனுக்கு ஒப்பந்தம் 2031 வரை. அதுவரை கவலை இல்லை என்கிறது கிளப். பிகோவையும் மெஸ்சியையும் பார்த்த பெரிசுகள்தான், எதற்கும் கொஞ்சம் மனசைக் கையில் பிடித்துக்கொள்ளவேண்டும்!