நீரியலுக்கு இலக்கணம் வகுத்த பேராசிரியர் ஜேம்ஸ் டூஜ்

மழை பெய்கிறது, சில மணி நேரம் கழித்து ஆறு பெருகுகிறது. இவ்விரண்டுக்கும் உள்ள தொடர்பை உழவரும் ஓடக்காரரும் தொன்றுதொட்டு அறிவர். ஆயினும் இவ்வளவு மழைக்கு இவ்வளவு வெள்ளம், அதன் உச்சம் இந்த மணிக்கு என்று எண்ணால் உரைப்பது எளிதன்று. பாலத்தின் கண்கள் எத்துணை அகலம் இருத்தல் வேண்டும், அணையின் கலிங்கு எவ்வளவு நீரை வெளியேற்றவல்லதாய் அமைதல் வேண்டும், கரையோர மக்களை எப்பொழுது வெளியேறச் சொல்லுதல் வேண்டும் என்னும் வினாக்கள் அனைத்தும் அவ்வெண்ணையே பொறுத்தவை. எண் மிகுந்தால் பொதுப்பணம் வீணாகும். குறைந்தால் உயிர்ச்சேதம் நேரும்.

அவ்வெண்ணைக் காணும் முறைக்குத் திட்டமான கணித அடிப்படை வகுத்தவர்களுள் ஒருவர், அயர்லாந்து நாட்டுப் பேராசிரியர் ஜேம்ஸ் டூஜ் (1922–2010). களத்தில் அளவை எடுப்போரும் வகுப்பறையில் பாடம் சொல்லுவோரும் அவருடைய பணியை அறிந்துகொள்வது பயனுடையதாகும்.

பொறியாளர் பணியிலிருந்து பல்கலைக்கழகத்திற்கு

டூஜ் 1922-ஆம் ஆண்டு இங்கிலாந்திலுள்ள பர்க்கன்ஹெட் நகரில் பிறந்தார். டப்ளின் பல்கலைக்கழகக் கல்லூரியில் பொறியியல் கற்றபின், அயர்லாந்து அரசின் பொதுப்பணி அலுவலகத்தில் 1943-ல் பணியேற்றார். ஆற்று வடிகால் சீரமைப்பு அவ்வலுவலகத்தின் பொறுப்புகளுள் ஒன்று. பின்னர் 1946-ல் அந்நாட்டு மின்சார வழங்கல் வாரியத்தில் சேர்ந்து, பன்னிரண்டு ஆண்டுகள் அங்கே பணியாற்றினார். 1950-களின் நடுவில் அமெரிக்கா சென்று, அயோவா பல்கலைக்கழகத்தில் நீரியலில் மேற்படிப்பும் ஆராய்ச்சியும் மேற்கொண்டார். 1958-ல் கார்க் நகரப் பல்கலைக்கழகக் கல்லூரியில் கட்டடப் பொறியியல் பேராசிரியரானார். 1970-ல் டப்ளினில் தாம் பயின்ற கல்லூரிக்கே பேராசிரியராகத் திரும்பி, 1984 வரை அப்பதவி வகித்தார்.

ஆகவே பேராசிரியராகுமுன் ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகள் அவர் தொழில்முறைப் பொறியாளராய் இருந்தவர். வெள்ளத்தின் அளவைக் கணித்து, அதை நம்பிக் கட்டடங்களை வடிவமைக்க வேண்டிய துறைகளில் அவர் பழகியிருந்தார். அக்காலப் பொறியாளர்கள் நாள்தோறும் ஒரு விதியைக் கையாண்டு வந்தனர். அவ்விதி நன்கு பயன்பட்டது. ஆனால் அது ஏன் பயன்படுகிறது, எங்கே பயன்படாமற் போகும் என்பது தெளிவாக விளக்கப்படவில்லை. அவ்விளக்கமே டூஜின் வாழ்நாள் ஆராய்ச்சியாயிற்று.

அலகு நீரோட்ட வரைவு

அவ்விதியை 1932-ல் வெளியிட்டவர் எல். கே. ஷெர்மன் என்னும் அமெரிக்கப் பொறியாளர். பெய்யும் மழையில் ஒரு பகுதி மண்ணில் ஊறுகிறது; ஒரு பகுதி செடிகொடிகளிலும் பள்ளங்களிலும் தங்குகிறது. எஞ்சி நிலத்தின்மீது ஓடி ஆற்றை அடைவதை மிகைமழை என்போம். ஒரு நீர்ப்பிடிப்புப் பகுதி முழுவதும் குறிப்பிட்ட நேரத்தில் 1 சென்டிமீட்டர் மிகைமழை சீராகப் பெய்தால், ஆற்றின் ஓட்டம் மணிக்கு மணி எவ்வாறு ஏறி இறங்கும் என்பதைக் காட்டும் கோடே அலகு நீரோட்ட வரைவு. இதனை ஒரு முறை கண்டறிந்துவிட்டால், 2 சென்டிமீட்டர் மழைக்கு அதனை இருமடங்காக்கலாம். அடுத்தடுத்த மணிகளில் பெய்த மழைகளின் விளைவுகளை ஒன்றன்மேல் ஒன்றாகக் கூட்டலாம் என்பது ஷெர்மனின் விதி.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். இதிலுள்ள எண்கள் விளக்கத்திற்காக அமைக்கப்பட்டவை. நீர்ப்பிடிப்புப் பகுதி 36 சதுர கிலோமீட்டர் என்று கொள்வோம். அதன்மேல் 1 சென்டிமீட்டர் மிகைமழை என்பது 3,60,000 கன மீட்டர் நீர். ஒரு மணி நேரத்தில் பெய்த இம்மழையால், மணிக்கு மணி விநாடிக்கு 10, 30, 25, 16, 10, 6, 3 கன மீட்டர் ஓட்டம் உண்டாகிறது என்க. இவற்றின் கூட்டுத்தொகை 100. இதனை ஒரு மணியின் 3,600 விநாடிகளால் பெருக்கினால் 3,60,000 வருகிறது. பெய்த நீரும் ஓடிய நீரும் ஒத்திருப்பதால் கணக்குச் சரியே.

இனி, முதல் மணியில் 2 சென்டிமீட்டரும் இரண்டாம் மணியில் 3 சென்டிமீட்டரும் மிகைமழை பெய்ததாகக் கொள்வோம். முதல் மழையின் விளைவு 20, 60, 50, 32, 20, 12, 6 ஆகும். இரண்டாம் மழையின் விளைவு ஒரு மணி பிந்தித் தொடங்கி 30, 90, 75, 48, 30, 18, 9 ஆகும். இரண்டையும் அந்தந்த மணிக்குக் கூட்டினால் 20, 90, 140, 107, 68, 42, 24, 9 என்று வரும். உச்ச வெள்ளம் மூன்றாம் மணியில் விநாடிக்கு 140 கன மீட்டர். இரண்டாம் மணியின் மிகைமழை 3 என்பதற்குப் பதிலாக 2 என்று கணக்கிடப்பட்டிருந்தால் உச்சம் 110 என்றே காட்டும். ஒரு சென்டிமீட்டர் பிழையால் விநாடிக்கு 30 கன மீட்டர் வெள்ளம் ஏட்டிலிருந்து மறைந்துவிடுகிறது. ஆற்றிலிருந்து அது மறைவதில்லை.

1959-ஆம் ஆண்டுக் கட்டுரை

மேற்கண்ட கணக்கில், இருமடங்கு மழைக்கு இருமடங்கு ஓட்டம் என்று கொண்டது ஏன்? இரு மழைகளின் விளைவுகளைத் தடையின்றிக் கூட்டியது எவ்வாறு? 1959-ல் புவி இயற்பியல் ஆராய்ச்சி இதழில் வெளியிட்ட ஒரு கட்டுரையில் டூஜ் இவ்வினாக்களை முறையாக ஆராய்ந்தார். நீர்ப்பிடிப்புப் பகுதியை அவர் ஓர் அமைப்பாக நோக்கினார். ஒரு முனையில் மழை உட்புகுகிறது; மறு முனையில் ஆற்றோட்டம் வெளிப்படுகிறது. இவ்வமைப்பு நேரியல் தன்மையது, காலத்தால் மாறாதது என்று கொண்டால், ஷெர்மனின் விதியிலுள்ள பெருக்கலும் கூட்டலும் தாமாகவே பெறப்படும்.

அவ்வமைப்பின் உள்ளே நிகழ்வதை அவர் இரு உறுப்புகளால் விளக்கினார். ஒன்று நேரியல் கால்வாய்: இது நீரின் வரவைக் காலந்தாழ்த்தும், ஆனால் வடிவை மாற்றாது. மற்றொன்று நேரியல் ஏரி: இதனுள் தேங்கிய நீருக்கு நேர் விகிதத்தில் வெளியேற்றம் அமையும், ஆகவே திடீரென வரும் நீரைத் தணித்து நீளச் செய்யும். காலந்தாழ்த்தலும் தணித்தலும் சேர்ந்தே ஒவ்வோர் ஆற்றின் அலகு வரைவும் உருவாகிறது. இதற்கு இரண்டாண்டுகளுக்குமுன், 1957-ல், அயர்லாந்தைச் சேர்ந்த மற்றொரு நீரியலறிஞரான ஜே. ஈ. நாஷ், சம அளவுள்ள நேரியல் ஏரிகளை வரிசையாக வைத்து ஒரு முறை வகுத்திருந்தார். டூஜின் பொதுக் கோட்பாட்டில் நாஷின் முறை ஒரு தனிநிலையாக அடங்கியது.

1967-ல் அமெரிக்காவின் மேரிலாண்டு பல்கலைக்கழகத்தில் டூஜ் ஆற்றிய விரிவுரைகள், 1973-ல் அந்நாட்டு வேளாண்மைத் துறையின் தொழில்நுட்ப வெளியீடாக வந்தன. நீரியல் அமைப்புகளின் நேரியல் கோட்பாட்டை ஒழுங்குபட எடுத்துரைக்கும் அந்நூல் பல நாட்டு மாணவர்களுக்கு வழிகாட்டியாயிற்று.

எடுகோளும் அதன் எல்லையும்

டூஜின் சிறப்பு விதியை நிறுவியதோடு முடிந்துவிடவில்லை. தாம் கொண்டது ஓர் எடுகோள் என்பதை அவர் மறைக்கவில்லை. இதனை மாணவருக்கு விளக்க ஒரு குடம் போதும். அடியில் துளையிட்ட குடத்தில் நீர் நிரப்பி, வெளியேறும் நீரை அளந்தால், வெளியேற்றம் நீர்மட்டத்திற்கு நேர் விகிதத்தில் குறையாமல், மட்டத்தின் வர்க்கமூலத்தை ஒட்டிக் குறைவதைக் காணலாம். சாதாரணக் குடமே நேரியல் ஏரியாக இல்லாதபோது, காடும் வயலும் ஓடையும் நிறைந்த நிலப்பரப்பு முற்றிலும் நேரியலாக இருக்க இயலுமா? இயலாது. ஆயினும் நடைமுறைத் தேவைக்கு அவ்வெடுகோள் பல இடங்களில் போதுமானதாய் இருக்கிறது. எங்கே போதும், எங்கே போதாது என்று ஆய்ந்து சொல்வதே அறிஞரின் கடமை.

1986-ல் எழுதிய ஒரு கட்டுரையில், நீரியலுக்குரிய விதிகளை எங்கே தேடுவது என்று டூஜ் ஆராய்ந்தார். சில பொருள்களின் இயக்கத்தை இயக்கவியல் விதிகளால் கணிக்கலாம். எண்ணற்ற மூலக்கூறுகளின் கூட்டத்தைப் புள்ளியியலால் அறியலாம். நீர்ப்பிடிப்புப் பகுதியோ இரண்டுக்கும் இடைப்பட்டது. முன்னதற்கு மிகச் சிக்கலானது. பின்னதற்கு உறுப்புகள் தம்முள் மிகவும் இணைந்தது. எனவே ஆய்வுக்கூட மண்ணில் கண்ட விதியை அப்படியே பெருக்கி ஓர் ஆற்றுக்குப் பொருத்திவிட முடியாது. ஆற்றை ஆற்றின் அளவிலேயே அளந்து பார்த்தல் வேண்டும்.

பொதுவாழ்வில்

டூஜ் அரசியலிலும் பணியாற்றினார். 1961-ல் அயர்லாந்தின் மேலவை உறுப்பினரானார். 1973 முதல் 1977 வரை அவ்வவையின் தலைவராய் இருந்தார். 1981–82-ல் வெளிநாட்டு அமைச்சர் பொறுப்பையும் வகித்தார். இவற்றிடையே அறிவியற் பணியும் தொடர்ந்தது. 1975 முதல் 1979 வரை சர்வதேச நீரியல் அறிவியல் சங்கத்திற்கும், 1990-களில் சர்வதேச அறிவியல் சங்கங்களின் பேரவைக்கும் தலைமை தாங்கினார்.

1992 ஜனவரியில் டப்ளினில் நடந்த நீர் மற்றும் சுற்றுச்சூழல் மாநாட்டின் தலைவரும் அவரே. அம்மாநாடு நான்கு கொள்கைகளை வெளியிட்டது. நன்னீர் அளவுக்குட்பட்டது, எளிதில் கெடக்கூடியது. நீரைப் பயன்படுத்துவோரும் திட்டமிடுவோரும் கொள்கை வகுப்போரும் கூடி அதனை நிருவகித்தல் வேண்டும். நீரைப் பேணுவதில் பெண்களின் பங்கு தலையாயது. நீருக்குப் பொருளாதார மதிப்பு உண்டு என்பன அவை. நான்காவது கொள்கை குறித்து அன்றுமுதல் கருத்து வேறுபாடு நிலவுகிறது. மதிப்பு என்பது விலையாகி, ஏழை மக்களுக்கு நீர் எட்டாமற் போகலாகாது என்று பலர் எச்சரித்தனர். நீரைத் தூய்மையாகவும் கட்டுப்படியாகும் விலையிலும் பெறுவது மக்களின் அடிப்படை உரிமை என்று அக்கொள்கையின் விளக்கமே முதற்கண் கூறுவதையும் மறத்தலாகாது. டூஜ் 2010 ஆகஸ்டில் காலமானார்.

நமக்குரிய செய்தி

நம் நாட்டில் விஞ்ஞான முறையிலான வெள்ள முன்னறிவிப்பு, 1958-ல் யமுனை ஆற்றில் தில்லி பழைய இரயில் பாலத்தருகே தொடங்கிற்று. பின்னர் அது நாட்டின் பல ஆறுகளுக்கும் விரிந்தது. அளவை நிலையங்கள் இல்லாத சிறு ஆறுகளில் பாலங்களும் மதகுகளும் அமைப்பதற்காக, நாடு 26 நீரியல் துணை மண்டலங்களாகப் பகுக்கப்பட்டு, மண்டலந்தோறும் அலகு வரைவுகளைக் கணிக்கும் முறை வகுக்கப்பட்டது. இம்முயற்சிகளின் அடியில் இருப்பது, டூஜ் ஆராய்ந்த அதே எடுகோள்.

இன்று அவ்வெடுகோளின் ஒரு பகுதி கடும் சோதனைக்கு உள்ளாகியிருக்கிறது. காலத்தால் மாறாத அமைப்பு என்று அவர் கொண்டதை நாம் மாற்றிக்கொண்டே இருக்கிறோம். வயலாக இருந்த இடத்தில் தார்ச்சாலையும் கட்டடங்களும் எழுந்தால், மண்ணில் ஊறும் நீர் குறைந்து மிகைமழை பெருகும். ஏரியும் தாங்கலும் தூர்ந்தால் வெள்ளத்தைத் தணிக்கும் உறுப்பு போய்விடும். உச்சம் உயரும்; விரைந்தும் வரும். முப்பது ஆண்டுகளுக்கு முன் வரைந்த அலகு வரைவை இத்தகைய இடத்தில் இன்றும் நம்பினால், எச்சரிக்கை வெள்ளத்திற்குப் பின்னரே வந்து சேரக்கூடும். புதிய மழையையும் புதிய ஓட்டத்தையும் அளந்து வரைவைத் திருத்துவதே இதற்கு வழி.

இங்கேதான் களப் பணியாளரின் பொறுப்பு தெரிகிறது. மழைமானியை மரநிழலிலோ சுவரோரத்திலோ வையாமை, குறித்த மணியில் அளவை எடுத்தல், அடைமழையிரவில் எடுக்கத் தவறிய அளவை மறுநாள் ஊகித்து நிரப்பாமல் விடுபட்டது என்றே எழுதுதல், ஆற்றின் அளவுகோல் சாய்ந்தாலோ அடித்துச் செல்லப்பட்டாலோ உடனே அறிவித்தல் ஆகியவை சிறிய செயல்களாகத் தோன்றலாம். எனினும் எக்கோட்பாடும் இவற்றைத் தாண்டி நிற்க இயலாது. ஊகித்து நிரப்பிய எண்ணுக்கும் அளந்த எண்ணுக்கும் ஏட்டில் வேறுபாடு தெரியாது. வெள்ள நாளில் தெரியும்.

ஆசிரியர்களும் இப்பாடத்தை எளிதில் கற்பிக்கலாம். பள்ளியில் ஒரு மழைமானி, அருகிலுள்ள ஓடையில் அளவு குறித்த ஒரு கம்பம், ஒரு குறிப்பேடு ஆகியவையே போதும். ஒரு பருவ மழையை மணிக்கு மணி குறித்து, மழையின் உச்சத்திற்கும் ஓடையின் உச்சத்திற்கும் இடைப்பட்ட நேரத்தை மாணவரே கண்டறியட்டும். அடுத்த ஆண்டும் அதற்கடுத்த ஆண்டும் அதனைச் செய்து, அந்நேரம் குறைந்து வருகிறதா என்று பார்க்கட்டும். குறைந்து வருமாயின், மழையின் வேறுபாட்டைக் கருதிய பின், தம் ஊரின் நிலம் எவ்வாறு மாறி வருகிறது என்று அவர்கள் வினவத் தொடங்குவர்.