பயணியும் படச்சுருளின் அளவும்

சேய்மையிலுள்ள தலங்களையும் தொல்லிடங்களையும் காணச் செல்வோர், கண்டவற்றைப் படமாக்கிக் கொணர விழைவது இயல்பே. எண்முறைக் கமராக்கள் மலிந்த இக்காலத்தும் படச்சுருளைப் போற்றுவார் உளர். சிறிய சுருளுக்குரிய கமராவா, பெரிய சுருளுக்குரியதா என்பதே அன்னார்முன் எழும் முதல் வினா. இதற்கு விடை பயணத்தின் நோக்கத்திலே தங்கியுள்ளது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இத்தகைய தெரிவுக்கு இடமிருக்கவில்லை. படத்தைப் பெருப்பித்தல் அக்காலத்தில் அரிதாதலின், வேண்டிய படம் எவ்வளவோ அவ்வளவினதாகவே நெகற்றிவ் எனப்படும் எதிர்ப்படமும் அமைதல் வேண்டும். 1858இல் மதுரை, தஞ்சைக் கோயில்களைப் படமெடுத்த லின்னேயஸ் டிரைப் என்பார் ஏறக்குறைய 15 அங்குல நீளமான காகித எதிர்ப்படங்களைக் கையாண்டார். 1870, 1871ஆம் ஆண்டுகளில் அநுராதபுரம், பொலனறுவை முதலிய இடங்களைப் படமாக்கிய யோசேப்பு லோட்டன் கண்ணாடித் தகடுகளைப் பயன்படுத்தினார். தகட்டிற் பூசிய மருந்து உலருமுன் படமெடுத்துக் கழுவவேண்டியிருந்தமையின், இருட்டறையும் உடன் செல்லவேண்டியதாயிற்று.

ஜேர்மனியரான ஒஸ்கார் பார்னாக், சினிமாவுக்குரிய 35 மில்லிமீற்றர் சுருளைக் கைக்கமராவுக்கு ஏற்றதாக்கினார். அவர் அமைத்த லைக்கா 1925இல் விற்பனைக்கு வந்தது. 1929இல் றோலிபிளெக்ஸ் தோன்றியது. ஈழத்தின் புகழ்பெற்ற படக்கலைஞரான லயனல் வென்ட் (1900-1944) இவ்விருவகைக் கமராக்களையும் கையாண்டவர்.

இவற்றின் வேறுபாட்டைக் கணக்கினால் அறியலாம். 35 மில்லிமீற்றர் சுருளிற் பதியும் படம் 24×36 மில்லிமீற்றர். பரப்பு 864 சதுர மில்லிமீற்றர். 120 எனப்படும் அகன்ற சுருளிற் பதியும் சதுரப் படம் ஏறக்குறைய 56×56 மில்லிமீற்றர், பரப்பு 3136. எனவே பின்னையது மூன்றரை மடங்கினும் பெரிது. எட்டங்குல அகலத்துக்குப் பெருப்பிக்கச் சிறியதன் குறும்பக்கம் எட்டரை மடங்கு விரியவேண்டும். பெரியதற்கு மூன்றரை மடங்களவே போதும். விரிவு மிகுந்தோறும் படத்தின் மணிகளும் பருத்துத் தோன்றி நுண்மையைக் குறைக்கும்.

எனினும் பெரிய அளவு குறையற்றதன்று. சிறியதற்கு 50 மில்லிமீற்றர் வில்லை பொதுவானதாக, இதற்கு 80 மில்லிமீற்றர் வில்லை வேண்டும். குவியத்தூரம் நீளவே, முன்னும் பின்னும் தெளிவாக விழும் ஆழம் குறுகும். அதனை ஈடுசெய்யத் துவாரத்தை எப்-8இலிருந்து எப்-16ஆகச் சுருக்கினால், ஒளிபடும் நேரத்தை நான்கு மடங்காக்க வேண்டும். அப்போது முக்காலி இன்றியமையாததாகும். மேலும், சிறு சுருள் 36 படங்களைத் தர, 120 சுருள் 12 சதுரப் படங்களையே தரும்.

பொலனறுவையிலே சோழர் காலத்துக் கற்கோயிலாகிய வானவன்மாதேவி ஈச்சரத்தின் சுவர்களில் தமிழ்ச் சாசனங்கள் உள. அவற்றை எடுக்க விழைவோன் காலையிலோ மாலையிலோ சாய்ந்த வெயிலுக்குக் காத்திருத்தல் வேண்டும். அப்போதே எழுத்தின் பள்ளங்களில் நிழல் விழும். கல் அசைவதில்லை, முக்காலிக்கும் இடமுண்டு. இங்கே பெரிய அளவே தக்கது. செல்வச்சந்நிதியிலிருந்து கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை செல்வோனுக்கோ ஒவ்வோர் இறாத்தலும் சுமையே. அடியார் கூட்டமும் காவடியாட்டமும் கணத்துக்குக் கணம் மாறுவன. அவனுக்குச் சிறிய கமராவே துணை. எதனைக் கொள்ளினும், ஈரலிப்பான இக்காலநிலையில் வில்லையிற் பூஞ்சணம் படராதவாறு சிலிக்கா மணிகளோடு உலர்ந்த பெட்டியிற் பேணுதல் நன்று.

இத்தெரிவு வெறும் பொழுதுபோக்கன்று. தலைமன்னாரிலிருந்து கப்பலேறியோர் இறங்கிய தனுஷ்கோடி, 1964 டிசெம்பர்ப் புயலில் அழிந்தது. புதுக்கப்படுமுன் இருந்த அநுராதபுரத்தை இன்று லோட்டனின் படங்களிற் காண்கிறோம். இன்று காணும் கல்வெட்டு நாளை தேய்ந்துபோகலாம். எதிர்ப்படத்திற் பதியாத எழுத்தை எந்தப் பெருக்கமும் மீட்டுத் தராது. சுமை மிகுதியால் வீட்டிலே விடப்பட்ட கமராவோ ஒன்றையும் பதியாது. ஆதலின், நிலைத்து நிற்பதன் நுண்மையை நாடுவோன் பெரியதையும், கணத்திற் கழிவதை நாடுவோன் சிறியதையும் கொள்வானாக.