எண்ணெய் எதைச் சுமக்கிறது? வீட்டில் காய்ச்சும் மூலிகை எண்ணெயில் கவனிக்க வேண்டியவை

தோட்டப்புறத்தில் ஒரு வீட்டில் எண்ணெய் காய்ச்சினால் அதன் வாசம் லயம் முழுவதும் பரவிவிடும். அடுப்பில் இருப்புச் சட்டி, அதில் தேங்காய் எண்ணெய், அதன் மேல் அரைத்துப் போட்ட கறிவேப்பிலை, செம்பருத்தி, கரிசலாங்கண்ணி, ஒரு பிடி வெந்தயம். எண்ணெய் சடசடவென்று பொரியும். பாட்டி அடுப்பை விட்டு நகரமாட்டார். "சத்தம் அடங்கட்டும், பிறகு இறக்கலாம்" என்பார்.

அந்தத் தோட்டங்களில் பல இன்று வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. லயத்தில் வளர்ந்தவர்களின் பிள்ளைகள் அடுக்குமாடி வீடுகளில் வசிக்கிறார்கள். ஆனாலும் எண்ணெய் காய்ச்சும் பழக்கம் மறையவில்லை. கடையில் வாங்கும் களிம்பில் என்னென்ன இரசாயனம் இருக்கிறதோ என்ற அச்சத்தில், இளம் தாய்மார்கள் பலர் தலைக்கும் முகத்துக்கும் குழந்தையின் உடம்புக்கும் தாங்களே எண்ணெய் தயாரிக்கிறார்கள். கைப்பேசியில் பார்க்கும் ஒரு நிமிடக் காணொளிதான் அவர்களுக்கு வழிகாட்டி. பச்சை இலைகளைப் போத்தலில் நிரப்பி, எண்ணெய் ஊற்றி, மூடி, ஜன்னலோரம் வைத்தால் போதும் என்கிறது அந்தக் காணொளி. பாட்டி காத்திருந்த அந்தச் சத்தத்தைப் பற்றி அதில் ஒரு வார்த்தையும் இல்லை.

அந்தச் சத்தம் ஏன் அடங்க வேண்டும்? வீட்டில் செய்யும் எண்ணெய் நன்மை தருமா, தொல்லை தருமா என்பதைத் தீர்மானிக்கும் முதல் கேள்வி அதுதான்.

சுமக்கும் எண்ணெய்

தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய், ஆலிவ் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய் போன்றவற்றை அழகுக்கலைத் துறையில் 'கேரியர் ஆயில்' என்கிறார்கள். வேறொரு பொருளின் சத்தையோ மணத்தையோ தன்னில் ஏற்றித் தோலுக்குக் கொண்டு சேர்க்கும் எண்ணெய் என்பது பொருள். சுமை தூக்குபவர் மூட்டைக்குள் இருப்பது நல்லதா கெட்டதா என்று பார்ப்பதில்லை. எண்ணெயும் அப்படித்தான். எதைப் போடுகிறோமோ அதைச் சுமக்கும்.

ஆனால் எல்லாவற்றையும் அது சுமக்காது. கொழுப்பில் கரையக்கூடியவை மட்டுமே எண்ணெயில் இறங்கும். மஞ்சளின் நிறம், இலைகளின் பச்சையம், வாசனைப் பொருள்கள் ஆகியவை கரையும். எலுமிச்சையின் வைட்டமின் சி கரையாது. செம்பருத்தி இலை, வெந்தயம், கற்றாழை ஆகியவற்றின் வழவழப்புத் தன்மையும் எண்ணெயில் சேராது, அது தண்ணீரில் மட்டுமே இறங்கும். கற்றாழைச் சோறு ஏறத்தாழ முழுவதும் தண்ணீர்தான். அதை எண்ணெய்ப் போத்தலில் போட்டு வைத்தால் சத்து இறங்காது. கெட்டுப்போக வழி மட்டுமே திறக்கும். கற்றாழையின் குளிர்ச்சி வேண்டுமானால் செடியிலிருந்து வெட்டி, மஞ்சள் நிறப் பால் வடிந்த பின் கழுவி, அப்போதைக்கு அப்போது பூசிக் கழுவிவிடுவதே சரி.

எந்த எண்ணெய், யாருக்கு?

தேங்காய் எண்ணெயில் ஏறத்தாழ 90 விழுக்காடு நிறைவுற்ற கொழுப்பு. அதனால் அது எளிதில் காறல் வாடை அடிக்காது. அதில் பாதியளவு லாரிக் அமிலம். சுமார் 24 பாகை செல்சியஸுக்குக் கீழே உறைந்துவிடும். குளிர்சாதன அறையில் வைத்த போத்தல் வெள்ளையாக உறைந்தால் கெட்டுவிட்டது என்று பொருளல்ல.

தலைமுடியைப் பொறுத்தவரை இந்த எண்ணெயின் புகழுக்கு ஆதாரம் உண்டு. இந்தியாவில் நடந்து 2003-ல் வெளிவந்த ஓர் ஆய்வில் தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், கனிம எண்ணெய் மூன்றும் ஒப்பிடப்பட்டன. முடியிலிருந்து புரதம் இழக்கப்படுவதைக் குறைத்தது தேங்காய் எண்ணெய் மட்டுமே.

தோலுக்கும் ஆதாரம் உண்டு. பிலிப்பீன்ஸில் அரிப்புத் தோலழற்சி, அதாவது எக்ஸிமா, உள்ள 117 குழந்தைகளிடம் 8 வாரங்கள் நடந்த ஆய்வு 2014-ல் வெளியானது. சுத்தமான கன்னித் தேங்காய் எண்ணெய் பூசிய குழந்தைகளுக்குக் கனிம எண்ணெய் பூசியவர்களைவிட நல்ல குணம் தெரிந்தது. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த ஆய்வில் பயன்பட்டது மூலிகை ஏதும் சேராத வெறும் எண்ணெய். அதில் வேப்பிலையும் துளசியும் போட்டால் இன்னும் நல்லது என்று அந்த ஆய்வு சொல்லவில்லை.

ஆலிவ் எண்ணெய் விலை கூடியது என்பதால் உயர்ந்தது என்று எண்ணிவிடக் கூடாது. அதில் ஒலியிக் அமிலம் அதிகம். இங்கிலாந்தில் பெரியவர்களிடம் நடத்தி 2013-ல் வெளியிட்ட ஆய்வில், ஆலிவ் எண்ணெய் தோலின் மேல் அடுக்கைப் பலவீனப்படுத்தியது தெரிந்தது. சூரியகாந்தி எண்ணெய் அந்தக் கெடுதலைச் செய்யவில்லை. வறண்ட தோல் உள்ள குழந்தைக்கு ஆலிவ் எண்ணெய் தேய்ப்பவர்கள் இதை நினைவில் வைப்பது நல்லது.

தேங்காய் எண்ணெயும் எல்லாருக்கும் ஏற்றதல்ல. முகப்பரு வருபவர்களுக்கு அது துவாரங்களை அடைக்கும். தலையில் எண்ணெய்ப் பசையுடன் பொடுகு உதிர்ந்தால், அதில் பங்கு வகிக்கும் பூஞ்சைக்கு எண்ணெயின் கொழுப்பு அமிலங்களே உணவு. "எண்ணெய் வைக்காததால்தான் பொடுகு" என்று மேலும் மேலும் வைப்பது, நெருப்பில் விறகு போடுவதற்குச் சமம்.

தண்ணீரே முதல் எதிரி

சுத்தமான எண்ணெயில் கிருமி வளராது, ஏனென்றால் அதில் தண்ணீர் இல்லை. பச்சை இலையைப் போட்டவுடன் இலையிலுள்ள ஈரம் எண்ணெய்க்குள் வந்துவிடுகிறது. மலேசிய, சிங்கப்பூர் வெப்பமும் காற்றின் ஈரப்பதமும் சேர்ந்தால் சில நாள்களில் பூஞ்சை பூத்துவிடும். கண்ணுக்குத் தெரியாத கிருமிகளும் அடியில் தங்கிய நீரில் பெருகும். அந்த எண்ணெயைக் கீறலும் சொறியும் உள்ள தோலில் தேய்த்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

எண்ணெயில் சத்தம் வருவது, இலையிலுள்ள தண்ணீர் கொதித்து நீராவியாக வெளியேறும்போது. சத்தம் அடங்கினால் தண்ணீர் போய்விட்டது என்று அர்த்தம். சித்த மருத்துவத்தில் தைலப் பதம் பார்ப்பவர்கள் அடியில் தங்கிய கற்கத்தைச் சிறிது எடுத்து நெருப்பில் காட்டுவார்கள். பொரியாமல் எரிந்தால் பதம் சரி. பாட்டி நுண்ணோக்கியைக் கண்டதில்லை. காதால் கேட்டே கிருமிக்கு வழியடைத்தார்.

சமையலுக்கு என்று பூண்டை எண்ணெயில் ஊறப்போடுபவர்களுக்கு இது இன்னும் பெரிய எச்சரிக்கை. 1985-ல் கனடாவின் வான்கூவர் நகரில், குளிர்பெட்டியில் வைக்காத பூண்டு எண்ணெயை உண்ட பலருக்கு பொட்டுலிசம் என்ற கொடிய நச்சு பாதிப்பு ஏற்பட்டது. காற்றில்லாத இடத்தில் வளரும் கிருமி அது. கெட்ட வாடைகூட வராமல் இருக்கலாம். ஆகவே உடம்புக்குப் பூசுவதற்கென ஊறவைத்த எண்ணெயை வாயில் போடக் கூடாது.

செய்யும் முறை

காய்ந்த இலையைப் பயன்படுத்துவதே எளிய, பத்திரமான வழி. கறிவேப்பிலையையோ செம்பருத்திப் பூவையோ கழுவித் துடைத்து நிழலில் உலர்த்த வேண்டும். விரலால் கசக்கினால் நொறுங்க வேண்டும். வளைந்தால் ஈரம் இருக்கிறது என்று பொருள். மழைக்காலத்தில் வெளியே காயாது. அப்போது அவனில் மிகக் குறைந்த சூட்டில், கதவைச் சற்றே திறந்து வைத்துக் காயவைக்கலாம்.

இருநூற்றைம்பது மில்லிலிட்டர் எண்ணெய்க்கு 20 கிராம் காய்ந்த இலை தாராளம். ஒரு பாத்திரத்தில் தண்ணீரைக் கொதிக்கவிட்டு, அதன் மேல் எண்ணெய்ப் பாத்திரத்தை வைத்து, மெல்லிய சூட்டில் ஒன்றிலிருந்து இரண்டு மணி நேரம் வைத்தால் போதும். நேரடி நெருப்பில் எண்ணெய் புகைந்தால் அது கெட்டுவிடும், தீ விபத்துக்கும் இடமாகும். கீழிருந்து வரும் நீராவி எண்ணெயில் விழாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஆறியதும் மெல்லிய துணியில் வடிகட்டி, ஓர் இரவு அசையாமல் வைத்து, அடியில் தங்குவதை விட்டுவிட்டு மேலே தெளிந்ததை மட்டும் எடுக்க வேண்டும். போத்தல் கழுவி முற்றிலும் உலர்ந்ததாக இருக்க வேண்டும். பெரிய போத்தலில் ஒரே தடவையாக நிரப்புவதைவிடச் சிறிய கருநிறப் போத்தல்களில் பிரித்து வைப்பது நல்லது. குளியலறையில் வைக்கக் கூடாது. ஈரக் கையை உள்ளே விடவும் கூடாது.

பச்சை இலையில்தான் செய்வேன் என்பவர்கள் பாட்டியின் வழிக்கே போக வேண்டும். அடுப்பை விட்டு நகராமல், சத்தம் முழுதாக அடங்கும் வரை சிறு தீயில் காய்ச்ச வேண்டும். மூடிய போத்தலில் ஊறவைக்கும் குறுக்கு வழி பச்சை இலைக்கு ஒத்துவராது.

வைட்டமின் இ சேர்த்தால் எண்ணெய் கெடாது என்று சிலர் நம்புகிறார்கள். அது காறல் வாடை வருவதைத் தாமதப்படுத்தும், கிருமியைக் கொல்லாது. லாவெண்டர், டீ ட்ரீ போன்ற செறிவான வாசனை எண்ணெய்களைச் சேர்ப்பவர்கள் துளிகளை எண்ண வேண்டும். முகத்துக்கு 30 மில்லிலிட்டர் எண்ணெயில் ஆறு துளி, அதாவது சுமார் ஒரு விழுக்காடு போதும். எலுமிச்சை வகை எண்ணெய்களில் சில, பூசிக்கொண்டு வெயிலில் போனால் தோலைப் பொசுக்கிவிடும்.

எந்த எண்ணெயானாலும் முதலில் முழங்கையின் உட்புறத்தில் ஒரு சிறிய இடத்தில் தினமும் பூசி, ஒரு வாரம் பார்க்க வேண்டும். சிவந்தாலோ அரித்தாலோ அது அந்தத் தோலுக்கு ஆகாது.

குழந்தைக்கு என்றால்

இவ்விஷயத்தில் மிகவும் கவனிக்க வேண்டியது இதுதான். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் குழந்தை பிறந்தவுடன் தொப்புள்கொடி இரத்தத்தை எடுத்து ஜி6பிடி குறைபாடு இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். சிங்கப்பூரில் இந்தப் பரிசோதனை 1965 முதல் நடந்து வருகிறது. ஆண் குழந்தைகளிடம் இக்குறைபாடு அதிகம். இக்குழந்தைகளின் இரத்தச் சிவப்பணுக்கள் சில பொருள்களின் தாக்கத்தில் சிதைந்துவிடும். அவர்களுக்கு ஆகாத பொருள்களின் பட்டியலை மருத்துவமனையில் தாதியர் கொடுத்தனுப்புவார்கள். பாச்சை உருண்டை அதில் கட்டாயம் இருக்கும்.

பல வீடுகளில் அந்தத் தாள் பிறப்புப் பத்திரத்தோடு கோப்பில் போய்விடுகிறது. சில மாதங்கள் கழித்து, தலைக்குக் குளிர்ச்சி என்று மருதாணி இலை சேர்த்த எண்ணெயோ சளிக்கு என்று கற்பூரம் போட்ட எண்ணெயோ அடுப்பில் ஏறும்போது யாருக்கும் அந்தத் தாள் நினைவுக்கு வருவதில்லை. மருதாணி பூசப்பட்ட ஜி6பிடி குறைபாடுள்ள குழந்தைகளுக்குச் சிவப்பணுக்கள் சிதைந்த சம்பவங்கள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியுள்ளன. தோலில் பூசுவதுதானே, உள்ளே போகாதே என்று எண்ணுவது தவறு. குழந்தையின் தோல் மெல்லியது. எண்ணெய் சுமப்பதில் ஒரு பகுதி உள்ளே போகும்.

கற்பூரம் எந்தக் கைக்குழந்தைக்கும் ஆகாது. உடலில் ஏறினால் வலிப்பு வரக்கூடும். அமெரிக்காவில் பெரியவர்கள் பூசும் மருந்துகளில்கூட 11 விழுக்காட்டுக்கு மேல் கற்பூரம் சேர்க்க அனுமதி இல்லை. வீட்டில் "ஒரு வில்லை" என்று போடுபவருக்கு அது எத்தனை விழுக்காடு என்று எப்படித் தெரியும்?

குளிப்பாட்டும்போது குழந்தையின் மூக்கில் எண்ணெய் விடும் பழக்கத்தையும் கைவிட வேண்டும். அந்த எண்ணெய் நுரையீரலில் இறங்கி ஒருவகை நிமோனியாவை உண்டாக்கும்.

எண்ணெய் தேய்த்த பின் குழந்தையின் கண்ணோ உடம்போ மஞ்சளாகத் தெரிந்தாலும், சிறுநீர் கறுத்துப் போனாலும், குழந்தை வெளிறிச் சோர்ந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். எந்த எண்ணெய், அதில் என்னென்ன போட்டது என்பதை மறைக்காமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். போத்தலையும் கையோடு கொண்டு போவது இன்னும் நல்லது.

பெயர்ச்சீட்டு ஒட்டுங்கள்

வீட்டு எண்ணெய்க்கு ஒரு சிறிய சீட்டு போதும். காய்ச்சிய தேதி, எந்த எண்ணெய், என்னென்ன இலை என்று எழுதி ஒட்டினால் அவசரத்தில் உதவும். சில மாதங்களுக்குள் தீர்ந்துவிடும் அளவே செய்ய வேண்டும். காறல் வாடை வந்தால், கலங்கினால், அடியில் நீர் கட்டினால், மேலே ஆடை படர்ந்தால், செலவைப் பார்க்காமல் கொட்டிவிட வேண்டும்.

உறவினருக்குக் கொடுத்து, பிறகு தெரிந்தவர்களுக்கு விற்கத் தொடங்குபவர்கள் இன்னொன்றையும் அறிய வேண்டும். ஆசியான் நாடுகளின் பொது விதிப்படி, அழகுப் பொருளைச் சந்தைக்கு விடுமுன் அந்தந்த நாட்டின் சுகாதார ஒழுங்குமுறை அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும். "எக்ஸிமாவைக் குணமாக்கும்" என்று எழுதினால் அது அழகுப் பொருளாகக் கருதப்படாது. மருந்துக்குரிய சட்டம் வந்துவிடும்.

பாட்டியின் எண்ணெய்ச் சட்டியை மீண்டும் அடுப்பில் ஏற்றுவது மகிழ்ச்சிக்குரிய விஷயம். ஏற்றும் முன் அவருடைய பொறுமையையும் சேர்த்து எடுத்துக்கொள்ள வேண்டும். வீட்டில் கைக்குழந்தை இருந்தால், அடுப்பைப் பற்றவைக்கும் முன் கோப்பிலுள்ள அந்த மருத்துவமனைத் தாளை ஒருமுறை எடுத்துப் படித்துவிடுங்கள்.