வீட்டுக் கடன் தவணை தவறினால் ஏலத்தைத் தவிர்ப்பது எப்படி? மறுசீரமைப்புக்கு யார் தகுதி பெறுவர்?

புதுதில்லி: வேலை இழப்பு, தொழில் முடக்கம், குடும்பத்தில் எதிர்பாராத மருத்துவச் செலவு ஆகியவற்றால் வீட்டுக் கடனின் மாதத் தவணையைச் செலுத்த இயலாதவர்கள், வங்கியின் அழைப்புகளைத் தவிர்ப்பதையே முதலில் செய்கின்றனர். ஆனால், வீட்டைக் காப்பாற்றும் வாய்ப்பு அதிகமாக இருப்பது முதல் 90 நாள்களில்தான்.

90 நாள் கணக்கு

ரிசர்வ் வங்கியின் விதிகளின்படி, தவணை 90 நாள்களுக்கு மேல் நிலுவையில் இருந்தால் அந்தக் கணக்கு வாராக்கடனாக வகைப்படுத்தப்படும். அதன் பிறகே, 2002-ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டத்தின்கீழ் நீதிமன்றத்தில் வழக்குத் தொடராமல் அடமானச் சொத்தைக் கையகப்படுத்தும் நடவடிக்கையை வங்கி தொடங்க முடியும். அதற்கு முன்பு மறுசீரமைப்பு கோரும் கடன்தாரரின் விண்ணப்பத்துக்கு மதிப்பு அதிகம்.

யாருக்குக் கிடைக்கும்?

மறுசீரமைப்பு என்பது கடன்தாரரின் உரிமை அல்ல. ஒவ்வொரு வங்கியும் தனது இயக்குநர் குழு ஒப்புதல் அளித்த கொள்கையின்படி முடிவெடுக்கும். கரோனா காலத்தில் 2020, 2021-ஆம் ஆண்டுகளில் ரிசர்வ் வங்கி அறிவித்த சிறப்புத் திட்டங்கள் முடிவடைந்துவிட்டன.

பொதுவாக வங்கிகள் கவனிப்பவை மூன்று. நெருக்கடிக்கான காரணம் உண்மையானதா, அது தற்காலிகமானதா, குறைக்கப்பட்ட தவணையைச் செலுத்தும் அளவுக்கு வருமானம் உள்ளதா அல்லது விரைவில் கிடைக்குமா என்பவையே அவை. எனவே, வருமானமே இல்லை என்று மட்டும் எழுதும் விண்ணப்பத்தைவிட, எந்த மாதத்திலிருந்து எவ்வளவு செலுத்த முடியும் என்று கூறும் விண்ணப்பமே ஏற்கப்பட வாய்ப்புள்ளது. கடன் முடியும்போது கடன்தாரரின் வயது எவ்வளவு, கடந்த காலத்தில் தவணைகள் ஒழுங்காகச் செலுத்தப்பட்டனவா என்பதும் பார்க்கப்படும்.

பணிநீக்கக் கடிதம் அல்லது மருத்துவமனை ரசீதுகள், சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு அறிக்கை, வருமான வரிக் கணக்கு ஆகியவற்றை இணைத்து, எழுத்துபூர்வமாக விண்ணப்பித்து ஒப்புகை பெறுவது அவசியம். கிளை மேலாளரிடம் வாய்மொழியாகக் கூறியது பின்னர் சான்றாகாது.

லாபமும் விலையும்

தவணைக் காலத்தை நீட்டித்தல், சில மாதங்களுக்குத் தவணையை ஒத்திவைத்தல், வட்டி விகிதத்தை மாற்றியமைத்தல் ஆகியவை வழக்கமான சலுகைகள். ஆனால், அவை இலவசமானவை அல்ல. உதாரணமாக, 9 சதவீத வட்டியில் ரூ.20 லட்சம் அசல் நிலுவையும் 10 ஆண்டுகள் தவணைக் காலமும் மீதமிருந்தால், மாதத் தவணை சுமார் ரூ.25,335. காலத்தை 15 ஆண்டுகளாக நீட்டித்தால் அது ரூ.20,285-ஆகக் குறையும். மாதம் ரூ.5,050 மிச்சமாகும். அதேவேளையில், மொத்த வட்டி ரூ.6 லட்சத்துக்கும் மேல் கூடும்.

மேலும், நிதி நெருக்கடி காரணமாகக் கடன் மறுசீரமைக்கப்பட்டது என்ற விவரம் கடன் வரலாற்றில் பதிவாகும். பின்னாளில் புதிய கடன் பெறுவதை இது கடினமாக்கலாம். ஆகவே, வேறு வங்கிக்குக் குறைந்த வட்டியில் கடனை மாற்றுவது, சேமிப்பின் ஒரு பகுதியைக் கொண்டு அசலைக் குறைப்பது ஆகிய வழிகளை முதலில் ஆராய்வது நல்லது.

நோட்டீஸ் வந்துவிட்டால்...

சர்ஃபேசி சட்டத்தின் 13(2) பிரிவின்கீழ் வரும் நோட்டீஸ், நிலுவையைச் செலுத்த 60 நாள் அவகாசம் அளிக்கிறது. இக்காலத்தில் கடன்தாரர் ஆட்சேபம் தெரிவித்தால், வங்கி அதைப் பரிசீலிக்க வேண்டும். ஏற்காவிட்டால், 15 நாள்களுக்குள் காரணத்தைத் தெரிவிக்க வேண்டும். நிலுவைத் தொகை, அசல் மற்றும் வட்டியில் 20 சதவீதத்துக்கும் குறைவாக இருந்தால் இச்சட்டத்தைப் பயன்படுத்த முடியாது.

சொத்து கையகப்படுத்தப்பட்டால், 45 நாள்களுக்குள் கடன் வசூல் தீர்ப்பாயத்தை அணுகலாம். விற்பனைக்கு முன்னர் கடன்தாரருக்கு 30 நாள் நோட்டீஸ் அளிப்பதும் கட்டாயம்.

இங்கு பலர் தவறவிடும் ஒரு வரம்பு உண்டு. 2016-ஆம் ஆண்டு சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, ஏல அறிவிப்பு வெளியாவதற்கு முன்பே முழு நிலுவையையும் செலவுகளுடன் செலுத்தினால்தான் சொத்தை மீட்கும் உரிமை நீடிக்கும். உச்சநீதிமன்றம் 2023-இல் இதை உறுதிப்படுத்தியது. ஏல நாள் வரை காத்திருக்கலாம் என்ற எண்ணம் வீட்டை இழக்கச் செய்துவிடும். ஏலத்தில் நிலுவையைவிடக் கூடுதல் தொகை கிடைத்தால், வேறு எவருக்கும் அதில் உரிமை இல்லாத நிலையில், மீதி கடன்தாரருக்கே சேரும்.

புகார் அளிக்க...

விண்ணப்பத்துக்கு வங்கி 30 நாள்களுக்குள் பதிலளிக்காவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் புகார் செய்யலாம். வீட்டுவசதி நிதி நிறுவனங்கள் மீதான புகார்களைத் தேசிய வீட்டுவசதி வங்கியிடம் அளிக்க வேண்டும். ஆனால், புகார் நிலுவையில் இருப்பதாலேயே 60 நாள் கெடு நின்றுவிடாது என்பதைக் கடன்தாரர்கள் மறந்துவிடக் கூடாது.