உப்புக் காற்றில் ஓடும் ஏ.சி.: எப்போது சர்வீஸ், எதற்குக் காசு, எங்கே புகார்

கடலோர ஊரில் ஏ.சி. வைத்திருப்பவர்கள் கேட்கும் முதல் கேள்விக்கு நேரடியாகவே பதில் சொல்லிவிடலாம். சென்னை, கடலூர், நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற ஊர்களில் தினமும் இரவு முழுக்க ஓடும் படுக்கையறை ஏ.சி.க்கு வருடத்தில் மூன்று முறை வெட் சர்வீஸ், அதாவது தண்ணீர் அடித்துக் கழுவும் சர்வீஸ் வேண்டும். மதுரை, திருச்சி, சேலம் பக்கம் இரண்டு முறை போதும். வெயில் காலத்தில் மட்டும் எப்போதாவது போடுகிற ஹால் ஏ.சி.க்கு எந்த ஊரானாலும் இரண்டைத் தாண்டத் தேவையில்லை. சமையலறைப் புகை அந்த ஹாலுக்குள் வருமானால் மட்டும் கணக்கு மாறும்; எண்ணெய்ப் பிசுக்கு காயிலில் படிந்தால் தூசி விடாமல் பிடித்துக்கொள்ளும். ஃபில்டரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நீங்களே கழற்றி, குழாயடியில் கழுவி, நிழலில் உலர்த்தி மாட்டிவிடலாம். அதற்கு யாருக்கும் காசு தர வேண்டியதில்லை.

ஏன் இந்த வித்தியாசம்? ஏ.சி. அறையைக் குளிர்விக்கும்போதே காற்றில் இருக்கும் ஈரத்தையும் பிழிந்து எடுக்கிறது. புழுக்கமான இரவில் ஒன்றரை டன் ஏ.சி. மணிக்கு ஒரு லிட்டர், சில நேரம் அதற்கு மேலும் தண்ணீரை வெளியே தள்ளும். அவ்வளவு தண்ணீரும் இண்டோர் யூனிட்டுக்குள் இருக்கும் காயிலின் மெல்லிய அலுமினியத் தகடுகள் வழியாகத்தான் வடிகிறது. நனைந்த தகட்டில் தூசி ஒட்டுகிறது, அந்தத் தூசியில் பூஞ்சை பிடிக்கிறது, அடியில் இருக்கும் ட்ரேயிலும் டிரெயின் பைப்பிலும் கொழகொழவென்று பாசி சேர்கிறது. பைப் அடைத்ததும் தண்ணீர் சுவரில் வழியத் தொடங்கும். காற்று உலர்ந்திருக்கும் ஊரில் காயில் இந்த அளவுக்கு நனைவதில்லை.

வெளியே இருக்கும் அவுட்டோர் யூனிட்டின் எதிரி உப்பு. பெசன்ட் நகர், திருவான்மியூர், ஈ.சி.ஆர். பக்கம் மாடியில் நிற்கும் அவுட்டோர்களைப் பார்த்தால் தெரியும். தகடு வெளுத்து, தொட்டால் பொடியாக உதிரும். அங்கே ஒவ்வொரு சர்வீஸின்போதும் அவுட்டோர் காயிலையும் வெறும் தண்ணீரால் நன்றாகக் கழுவச் சொல்லுங்கள். உள்ளே மட்டும் கழுவிவிட்டுக் கிளம்பினால் அது பாதி சர்வீஸ்தான்.

மூன்று சர்வீஸையும் எந்த மாதத்தில் செய்வது என்பதற்கும் காரணம் உண்டு. முதலாவது மாசியில், வெயில் ஏறுவதற்கு முன். கத்திரி வெயிலில் கூப்பிட்டால் மெக்கானிக் கிடைப்பதே சிரமம். வந்தாலும் அவசரத்தில் ஃபில்டரைத் தட்டிவிட்டு அடுத்த வீட்டுக்கு ஓடுவார். இரண்டாவது ஆனி, ஆடி வாக்கில், இரவு பகலாக ஓடி ஓய்ந்த பிறகு. மூன்றாவது ஐப்பசி மழை தொடங்குவதற்கு முன். பலரும் தவறவிடுவது இந்த மூன்றாவதைத்தான். மழைக்காலத்தில் ஏ.சி. போடுவது குறைந்துவிடும். அழுக்கோடும் ஈரத்தோடும் மூடிக் கிடக்கும் காயிலில் இரண்டு மாதம் பூஞ்சை தாராளமாக வளரும். தை பிறந்து ஒருநாள் ஸ்விட்சைப் போட்டதும் வருகிற அந்தப் புளித்த வாடை அதுதான். வீட்டில் ஆஸ்துமா, அலர்ஜி உள்ள குழந்தையோ பெரியவரோ இருந்தால் இதைச் சாதாரணமாக விடாதீர்கள். காலையில் ஏ.சி.யை அணைப்பதற்கு முன் இருபது நிமிடம் ஃபேன் மோடில் ஓடவிட்டால் காயில் காய்ந்துவிடும். இந்த ஒரு பழக்கமே பாதித் தொல்லையைக் குறைக்கும்.

நல்ல சர்வீஸை எப்படி அடையாளம் காண்பது? முதலில் மெயின் ஸ்விட்ச் அணைய வேண்டும். முன்பக்க மூடி கழன்று, அடியில் தண்ணீர் பிடிக்கும் பை கட்டப்பட்டு, எலக்ட்ரானிக் போர்டு இருக்கும் பக்கம் பிளாஸ்டிக்கால் மூடப்பட வேண்டும். பிறகு சின்ன பிரஷர் பம்பால் காயிலை மேலிருந்து கீழாகக் கழுவுவார்கள். வாளியில் விழும் தண்ணீர் முதலில் மை மாதிரி கறுப்பாக இருக்கும், போகப்போகத் தெளியும். தெளியும் வரை கழுவுவதுதான் வேலை. அது முடிந்ததும் டார்ச்சை வாங்கி, காற்று வரும் இடுக்கு வழியாக உள்ளே அடித்து, உருளை மாதிரி இருக்கும் ப்ளோயரைப் பாருங்கள். அதன் சின்னச் சின்ன இறக்கைகளின் உட்குழியில் கறுப்பு மாவு போல அழுக்கு அப்படியே இருந்தால் வேலை முடியவில்லை. அறைக்குள் பூஞ்சையை வீசுவது அந்த ப்ளோயர்தான். கடைசியாக ஒரு சொம்புத் தண்ணீரை ட்ரேயில் ஊற்றி, அது வெளியே டிரெயின் பைப்பில் தடையில்லாமல் வந்து விழுகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். காயிலில் என்ன மருந்து தெளிக்கிறார்கள் என்றும் கேளுங்கள். பளிச்சென்று வெளுக்க வேண்டும் என்று ஆசிட் அடிப்பவர்கள் உண்டு. அலுமினியத் தகட்டை அது அரிக்கும். கேஸ் கசிவுக்கு அதுவே வழிசெய்யும்.

இனி, காசு அதிகமாகப் பறிபோகும் இடத்துக்கு வருவோம்.

“கேஸ் கம்மியா இருக்கு சார், டாப்-அப் பண்ணிடலாம்.” சர்வீஸுக்கு வந்தவர் சொல்லும் இந்த ஒரு வரியில் சில நூறு ரூபாய் வேலை சில ஆயிரமாகிவிடுகிறது. தெரிந்துகொள்ள வேண்டிய அடிப்படை இது: ஏ.சி.யில் இருக்கும் கேஸ் பெட்ரோல் மாதிரி தீர்ந்துபோகும் பொருள் இல்லை. அது மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவது. குழாய் கசியாத வரை பத்து வருடமானாலும் குறையாது. குறைந்திருக்கிறது என்றால் எங்கோ ஓட்டை இருக்கிறது. ஓட்டையைக் கண்டுபிடிக்காமல் கேஸை மட்டும் ஏற்றினால் அடுத்த சில மாதங்களில் திரும்பவும் காசு. “வருஷா வருஷம் கேஸ் போடணும்” என்று யாராவது சொன்னால் அது பொய்.

மீட்டரைக் காட்டுகிறார்களே என்பீர்கள். அங்கேயும் ஒரு தந்திரம் உண்டு. ஆர்-32, ஆர்-410ஏ வகை கேஸ் உள்ள ஏ.சி.யில் கம்ப்ரசர் நின்றிருக்கும்போது நம் ஊர் வெயிலில் முள் 250 பி.எஸ்.ஐ.க்கு மேல் காட்டும். கம்ப்ரசர் ஓட ஆரம்பித்ததும் அதே முள் 120, 130 என்று இறங்குவது இயல்பு. இறங்கிய முள்ளைக் காட்டி “பாதிதான் இருக்கு” என்று பயமுறுத்துவது எளிது. இன்வெர்ட்டர் ஏ.சி.யில் கம்ப்ரசரின் வேகமே மாறிக்கொண்டிருப்பதால் அந்த ஒரு எண்ணை மட்டும் வைத்து எதையும் முடிவுசெய்யக் கூடாது. இண்டோரில் ஐஸ் கட்டியிருப்பதும் கேஸ் குறைந்ததற்கு நிச்சயமான ஆதாரம் இல்லை. ஃபில்டரும் காயிலும் அடைத்துக் காற்றோட்டம் குறைந்தாலும் ஐஸ் கட்டும். ஆகவே முதலில் கழுவட்டும். கழுவி, அரைமணி நேரம் ஓடவிட்டு, அப்போதும் குளிர்ச்சி இல்லையென்றால் கேஸைப் பற்றிப் பேசலாம்.

உண்மையிலேயே கசிவு இருந்தால் வேலையின் வரிசை இதுதான். இணைப்புகளில் சோப்பு நுரை தடவிக் குமிழி வருகிறதா என்று பார்ப்பார்கள். நைட்ரஜன் ஏற்றி அழுத்தம் நிற்கிறதா என்று சோதிப்பார்கள். ஓட்டையை அடைத்த பிறகு வேக்யூம் பம்ப் வைத்து உள்ளே இருக்கும் காற்றையும் ஈரத்தையும் இழுப்பார்கள். அதன் பிறகே தராசில் சிலிண்டரை வைத்து, அவுட்டோர் யூனிட்டின் ஸ்டிக்கரில் அச்சிட்டிருக்கும் எடைக்கு கேஸ் ஏற்றுவார்கள். ஒன்றரை டன் வீட்டு ஏ.சி. பலவற்றில் மொத்தக் கேஸே ஒரு கிலோவுக்கும் குறைவுதான். அந்த ஸ்டிக்கரை இப்போதே போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தராசு இல்லாமல் வந்தவரிடம் கேஸ் ஏற்ற வேண்டாம்.

இதில் உயிர் ஆபத்தும் இருக்கிறது. நைட்ரஜனுக்குப் பதிலாக ஆக்சிஜனை ஏற்றிச் சோதித்தால், கம்ப்ரசருக்குள் இருக்கும் எண்ணெயோடு அது சேர்ந்து வெடிக்கும். ஆர்-32 லேசாகத் தீப்பற்றக்கூடியது. ஆர்-290 என்பது புரொப்பேன், எளிதில் பற்றும். உள்ளே கேஸ் இருக்கும்போதே குழாயில் பற்றவைப்பு வேலை செய்ய விடாதீர்கள். மின்சாரத்தை அணைத்த பிறகும் கேபாசிட்டரில் ஷாக் அடிக்கும் அளவுக்கு மின்சாரம் தங்கியிருக்கும் என்பதால் அவுட்டோர் மூடியைத் திறந்து நீங்களே ‘ரிப்பேர்’ பார்க்க வேண்டாம். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் ஏ.சி.யைச் செருகவே கூடாது. மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. வீட்டில் இல்லையென்றால், அடுத்த சர்வீஸுக்குச் செலவழிக்கும் முன் அதைப் பொருத்துங்கள்.

மெக்கானிக்கின் உயிரும் உயிர்தான். மூன்றாம் மாடியில் ஒரு சன்ஷேடு மேல், பிடிக்க எதுவும் இல்லாமல், ஒரு கையால் ஜன்னல் கம்பியைப் பற்றிக்கொண்டு மறுகையால் ஸ்பேனர் திருப்பும் பையன்களை இந்த ஊரில் எல்லோரும் பார்த்திருக்கிறோம். பெல்ட் கட்டாமல் ஏற வேண்டாம் என்று சொல்லும் உரிமையும் பொறுப்பும் நமக்கு இருக்கிறது. புதிதாக ஏ.சி. மாட்டும்போதே, ஆள் நின்று வேலை செய்யக்கூடிய பால்கனியிலோ மொட்டை மாடியிலோ அவுட்டோரை வையுங்கள். குழாய் நீளத்துக்குக் கொஞ்சம் கூடுதல் செலவாகும். அந்தச் செலவைச் செய்யத்தான் வேண்டும்.

சர்வீஸுக்கு யாரை அழைப்பது என்பதிலும் ஒரு கண்ணி உண்டு. கூகுளில் கம்பெனி பெயரோடு ‘கஸ்டமர் கேர்’ என்று தேடினால் போலி எண்களும் வருகின்றன. எடுத்தவர் பதிவுக் கட்டணம் பத்து ரூபாய் என்று லிங்க் அனுப்புவார், அல்லது ஏதோ ஆப்பை இறக்கச் சொல்வார். அடுத்த நிமிடம் வங்கிக் கணக்கு காலியாகும். வாரண்ட்டி அட்டையிலோ இயந்திரத்தின் மீதோ அச்சிட்டிருக்கும் எண்ணை மட்டும் நம்புங்கள். பணம் போய்விட்டால் யோசித்துக்கொண்டிருக்காமல் உடனே 1930-க்கு அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறீர்களோ அவ்வளவுக்குப் பணத்தை முடக்க வாய்ப்பு உண்டு.

வாரண்ட்டியைப் படித்துப் பார்த்தவர்கள் குறைவு. ‘கம்ப்ரசருக்கு 10 வருடம்’ என்று பெரிய எழுத்தில் இருக்கும். முதல் வருடத்துக்குப் பிறகு கேஸ், கூலி, போக்குவரத்து எல்லாம் பெரும்பாலும் உங்கள் தலையில்தான். உப்புக் காற்று அரிப்பைச் சில நிறுவனங்கள் வாரண்ட்டியிலிருந்து விலக்கியிருக்கும். கடலோரத்தில் இருப்பவர்கள் வாங்கும்போதே இதைக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்க வேண்டும். ஏ.எம்.சி., அதாவது வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம் போடுவதாக இருந்தால் உதிரிபாகமும் கேஸும் சேர்ந்ததா, வெறும் கூலி மட்டுமா என்று பாருங்கள். இரண்டுக்கும் பெயர் ஏ.எம்.சி.தான்.

எந்த வேலைக்கும் பில் கேளுங்கள். தனியாக வரும் சின்ன மெக்கானிக் ஜி.எஸ்.டி. பில் தர முடியாமல் இருக்கலாம். தேதி, செய்த வேலை, மாற்றிய பாகம், ஏற்றிய கேஸின் எடை, வாங்கிய தொகை, கையெழுத்து உள்ள ஒரு துண்டுச்சீட்டை அவரும் தரலாம். செய்த சேவைக்குப் பில் தராமல் இருப்பதை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 முறையற்ற வணிக நடைமுறை என்றே வரையறுத்திருக்கிறது. கழற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். எலக்ட்ரானிக் போர்டை (பி.சி.பி.) ரிப்பேருக்கு எடுத்துப் போனால், அதன் சீரியல் எண்ணை எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். போன போர்டுக்குப் பதில் வேறொன்று திரும்பி வருவது உண்டு.

வேலை சரியில்லை, இரண்டு வாரத்தில் திரும்பவும் தண்ணீர் ஒழுகுகிறது, கேஸ் போட்டும் குளிரவில்லை என்றால் அது சேவைக் குறைபாடு. முதலில் நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் அனுப்புங்கள். மின்னஞ்சலோ வாட்ஸ்அப்போ போதும், போனில் சொன்னதற்கு மட்டும் சாட்சி இருக்காது. ஒழுகும் சுவரைத் தேதியோடு படம் எடுங்கள். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. அவர்கள் நிறுவனத்திடம் புகாரை எடுத்துச் செல்வார்கள். பல விவகாரங்கள் இந்தக் கட்டத்திலேயே முடிந்துவிடும்.

அதிலும் முடியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணமே கிடையாது. வக்கீல் வைக்க வேண்டிய கட்டாயம் இல்லை. கம்பெனியின் தலைமை அலுவலகம் மும்பையில் இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். இ-ஜாக்ரிதி தளம் வழியாக வீட்டிலிருந்தே பதிவுசெய்யலாம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 வருடத்துக்குள் போட வேண்டும். எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் கிடைத்ததிலிருந்து 3 மாதத்திலும், பரிசோதனை தேவைப்படும் வழக்கானால் 5 மாதத்திலும் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம்; நடைமுறையில் இழுக்கும், அதற்கு மனதைத் தயார்செய்துகொண்டே போங்கள். கொடுத்த காசைத் திரும்பக் கேட்பதோடு நஷ்டஈடும் வழக்குச் செலவும் கேட்கலாம்.

வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு இன்னொரு சிக்கல். வீட்டுக்காரர் மாட்டிவைத்த ஏ.சி. பழுதானால் யார் செலவு? தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி முதல் நடைமுறையில் இருக்கும் வாடகைச் சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். அந்த ஒப்பந்தத்திலேயே, வழக்கமான சர்வீஸ் குடியிருப்பவர் செலவு, கம்ப்ரசர், காயில், பி.சி.பி. மாற்றம் வீட்டுக்காரர் செலவு என்று இரண்டு வரி சேர்த்துவிடுங்கள். குடிபோகும் அன்றே ஏ.சி.யை ஓடவிட்டு வீடியோ எடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்பிவையுங்கள். காலி செய்யும்போது அட்வான்ஸில் பிடிக்கப் பார்த்தால் அந்த வீடியோ உங்கள் பக்கம் பேசும்.